பண்ணைக்காரர் முறை

என் புகழ் மொத்தமும் பத்து எழுத்தில் அடங்கியிருந்த காலம் ஒன்று உண்டு. 1-இ, 2-அ, 3-ஈ என்று பத்து வரைக்கும் போகும். ஆசிரியர்களுக்கான இணையவழிப் பயிற்சியில் கற்றல் கோட்பாடு பற்றி ஒரு வீடியோ ஓடும். முடிந்ததும் பத்துக் கேள்வி வரும். சரியாகச் சொன்னால் சான்றிதழ். வீடியோ ஓடும்போது நான் கத்தரிச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருப்பேன். ஆனால் கேள்விகளை நாலைந்து தடவை தப்பாக அழுத்தி, விடைகளைக் கண்டுபிடித்து, ஒன்றியத்து ஆசிரியர்களின் வாட்ஸப் குழுவில் முதல் ஆளாகப் போட்டுவிடுவேன். கும்பிடுகிற கைகள் வரிசையாக வந்து விழும். ஒருமுறை அறுபத்திரண்டு விழுந்தன. எண்ணினேன். கணக்கு வாத்தியார் எண்ணாமல் வேறு யார் எண்ணுவது?

அந்தப் புகழில்தான் ஆறு வருடமாக நாமக்கல்லில் நடக்கும் கணக்குப் பயிற்சிக்குக் கருத்தாளராகப் போய்வந்தேன். கருத்தாளர் என்றால் மேடையில் நாற்காலி, கையில் மைக், பீங்கான் கோப்பையில் டீ. கீழே உட்கார்ந்திருப்பவர்களுக்குக் காகிதக் கப்.

இந்த வருடம் தலைமையாசிரியை அங்கம்மாள் என்னைக் கூப்பிட்டு, கருத்தாளராக நம் சரிதா டீச்சரைப் போட்டிருக்கிறார்கள் என்றார். நான் மிகவும் சந்தோஷம் என்று சொன்னேன். சொல்லும்போது என் வலது கண் துடித்தது.

சரிதா டீச்சர் தம்மம்பட்டிக்காரர். புதுச்சத்திரத்திலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே இருக்கும் எங்கள் நடுநிலைப் பள்ளிக்கு வந்து நாலு வருடம்தான் ஆகிறது. ‘நாற்பது நிமிடம்’ என்று ஆசிரியர்களுக்காக ஒரு இணையதளம் நடத்துகிறார். பிள்ளைகள் ஏன் மறக்கிறார்கள், தப்பு செய்யும் பிள்ளையிடம் அடுத்து என்ன கேட்பது, ஒரு பாடவேளையை எப்படிப் பிரிப்பது என்றெல்லாம் தமிழில் எழுதி, தன் வகுப்பில் எடுத்த படத்தையும் போடுவார். அது வந்த பிறகு குழுவில் என் விடைகளுக்கு விழுந்த கைகள் பத்தொன்பதாகக் குறைந்தன. அதில் ஒன்று என் சொந்தத் தம்பியுடையது.

பயிற்சிக்கு ஐந்து வாரம் இருந்தது. அந்தத் தளத்தில் ஒரு தப்பைக் கண்டுபிடித்துச் சந்தி சிரிக்க வைத்துவிட்டால் நாற்காலி திரும்பி வந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை மச்சினன் பூபதியின் கோழிப்பண்ணைக்குப் போய் உட்கார்ந்து படித்தேன். பின்னங்கள் பற்றிய பக்கத்தில் சிக்கினார். தோசையை வரைந்து, வெட்டி, அரை, கால் என்று விளக்கியிருந்தார்.

என் பெயரில் எழுத முடியுமா? பூபதியின் போனை வாங்கினேன். முட்டை விலை போடுவதற்காக நானே அவனுக்குத் தொடங்கிக் கொடுத்த இணையக் கணக்கு அதில் இருந்தது. பெயர் ‘அத்தாயி கோழிப்பண்ணை’. முகத்துக்குப் பதிலாக ஒரு வெள்ளைக் கோழி. அந்தக் கோழியின் மறைவில் நின்று, தோசைப் பக்கத்துக்குக் கீழே கமெண்ட் எழுதினேன்: ‘தோசையை ஐந்து சம பங்காக வெட்டிக் காட்டட்டும், பார்ப்போம். இதை எழுதியவர் வகுப்புக்குள் போய்ப் பல வருடம் ஆகியிருக்கும்.’

கால் மணி நேரத்தில் பதில் வந்தது. இன்று ஞாயிறு, நேற்று முன்தினம் வகுப்பில்தான் இருந்தேன் என்று ஆரம்பித்திருந்தார். ஐந்து பங்கு என்றதும் ஆறு பிள்ளைகள் தோசையைக் கோணல்மாணலாக வெட்டியதையும், அதற்கு வழி தெரியாமல் அந்த இடத்தைத் தாண்டி வந்துவிட்டதையும் மறைக்காமல் எழுதியிருந்தார். கடைசி வரி இது: ‘நீங்கள் சொல்வது சரி. கற்பவரின் கையில் ஏற்கெனவே இருப்பதிலிருந்து தொடங்க வேண்டும் என்பார்கள். உங்கள் கையில் என்ன இருக்கிறது?’

எரிச்சலோடு நிமிர்ந்து பார்த்தேன். எதிரே ஆள் உயரத்துக்கு முட்டை ட்ரேக்கள் அடுக்கியிருந்தன. ஒரு வரிசைக்கு ஐந்து குழி, ஆறு வரிசை, முப்பது முட்டை.

அடுத்த நாள் காலி ட்ரேக்களையும் கசக்கிய காகித உருண்டைகளையும் ஆறாம் வகுப்புக்குக் கொண்டுபோனேன். பிள்ளைகள் மேல் அக்கறை என்று நினைக்காதீர்கள். எழுதுவதற்கு முன் சரியாக வருமா என்று பார்க்கத்தான். யுவஸ்ரீ என்றொரு பிள்ளை. அப்பா ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு வடக்கே இருக்கிறார். அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் எவ்வளவு என்றால் மேலே இருப்பதையும் கீழே இருப்பதையும் தனித்தனியாகக் கூட்டி, ஐந்தில் இரண்டு என்பாள். ஆறு மாதமாகச் சிவப்பு மையில் அடித்துக்கொண்டிருந்தேன். அன்று ட்ரேயில் அரை நிரப்பச் சொன்னேன். பதினைந்து. மூன்றில் ஒன்று சேர்க்கச் சொன்னேன். பத்து. இன்னொரு ட்ரேயில் அவளுடைய விடையான ஐந்தில் இரண்டை நிரப்பச் சொன்னேன். பன்னிரண்டு. இரண்டு ட்ரேயையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“பதனஞ்சு இருந்துச்சுங்க சார். அதுக்கு மேல இன்னும் போட்டோம். அப்புறம் எப்படிங்க பன்னண்டாக் கொறையும்?”

அவளே நிரம்பிய வரிசைகளை எண்ணி, ஆறில் ஐந்து என்றாள். என் இருபத்திரண்டு வருடச் சர்வீஸில் நான் சொல்லிக்கொடுக்காமலே ஒரு பிள்ளை விடைக்கு வந்தது அதுதான் முதல் தடவை. பலகைப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்தேன். சாக்பீஸ் தூள் என்று வைத்துக்கொண்டேன்.

அதை அப்படியே எழுதினேன், கோழியாக. பண்ணையில் வேலை செய்பவர்களின் பிள்ளைகளிடம் முயன்று பார்த்ததாக ஒரு பொய்யையும் சேர்த்துக்கொண்டேன். சரிதா டீச்சர் தோசையைத் தூக்கிவிட்டு, ‘பண்ணைக்காரர் முறை’ என்று தலைப்பிட்டுப் புதுப் பக்கமே போட்டுவிட்டார். எந்தப் பயிற்சியும் பெறாத ஒரு விவசாயி எவ்வளவு நுட்பமாக யோசிக்கிறார் பாருங்கள் என்று முன்னுரை வேறு. குழுவில் அந்தப் பக்கத்துக்கு நூற்று நாற்பது கைகள் விழுந்தன.

அதுவரை சரிதா டீச்சர் மேல் மட்டும்தான் பொறாமை. இப்போது அந்தக் கோழிப்பண்ணைக்காரன் மேலும் வந்தது. எவன் அவன்? பி.எட். படித்தானா? ஒரு வெள்ளைக் கோழிக்கு இவ்வளவு மரியாதையா?

அந்த வாரம் என் வகுப்பில் ட்ரேக்களைப் பார்த்த அங்கம்மாள், “என்னங்க சார், நீங்களும் பண்ணைக்காரரு மொறைக்கு வந்துட்டீங்களா?” என்றார். சரிதா டீச்சரோ, என்னைப் போன்ற மூத்தவர்கள் தன் தளத்தைப் படிப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று கண் கலங்காத குறையாகச் சொன்னார். அது நான்தான் என்று கத்தத் தோன்றியது. கத்தினால் அந்த முதல் கமெண்ட்டும் நான்தான் என்றாகிவிடும். புகழும் கேவலமும் ஒரே ட்ரேயில் இருந்தன. ஒன்றை மட்டும் எடுக்க வழியில்லை.

பயிற்சி நாளில் நாமக்கல் கூடத்தில் கடைசி வரிசையில் காகிதக் கப்போடு உட்கார்ந்திருந்தேன். சரிதா டீச்சர் மேடையில் நன்றாகவே பேசினார். நன்றாகப் பேசாமல் இருந்திருக்கலாம். பிறகு, நம் எல்லோருக்கும் வழிகாட்டிய அந்தப் பண்ணைக்காரரையே பண்ணையின் எண்ணில் தேடிப் பிடித்து அழைத்து வந்திருக்கிறேன் என்றார். பக்கவாட்டுக் கதவு வழியாக வெள்ளை வேட்டியில் பூபதி வந்தான்.

என் மச்சினனுக்கு ஒரு குணம் உண்டு. போர்த்துகிற சால்வையை வேண்டாம் என்று சொல்லவே மாட்டான். நான் அவன் போனில் என்ன கிறுக்கினேன் என்று அவனுக்குப் பாதிதான் தெரியும். ஆனால் வந்து நின்றான், போர்த்திக்கொண்டான், பீங்கான் கோப்பையில் டீ குடித்தான். அவன் கண் மட்டும் கூட்டத்தில் என்னைத் தேடியது.

நடு வரிசையிலிருந்து ஓர் ஓமலூர்க்கார வாத்தியார் எழுந்து, முப்பதில் கால் பங்கு ஏழரை வருமே, அரை முட்டைக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டார்.

பூபதி கொஞ்சம் யோசித்தான். “ஒடைஞ்சதை நாங்க ஊட்டுக்குக் கொண்டுபோய் ஆம்லெட் போட்டுக்குவோமுங்க.”

கூடம் சிரித்தது. கேட்டவர் சிரிக்காமல், அப்படியானால் இந்த முறை காலுக்கு உதவாது என்று நோட்டில் எழுத ஆரம்பித்தார். அந்தப் பேனா நகர்ந்ததை என்னால் தாங்க முடியவில்லை. யுவஸ்ரீ எண்ணிய ட்ரே அது. எழுந்துவிட்டேன்.

“காலுக்கு அந்த ட்ரே ஆகாதுங்க. கடையில விக்கிற பன்னண்டு முட்டை டப்பாவை எடுக்கோணும். கால் மூணு, மூணுல ஒண்ணு நாலு. எந்தப் பங்குக்கு எந்தப் பெட்டின்னு பிள்ளைகளையே தேட உடுங்க. பாதிப் பாடம் அங்கயே முடிஞ்சுரும்.”

பூபதி பெருமூச்சு விட்டு மைக்கைக் கீழே வைத்தான். “அதைத்தானுங்க மாமா எழுதுனாரு. நான் போன் மட்டுந்தானுங்க.”

எல்லாத் தலைகளும் திரும்பின. சரிதா டீச்சர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மைக் இல்லாமல் கேட்டார்: “அப்ப அந்த முதல் கமெண்ட்டும் நீங்கதானா சார்?”

“ஆமாங்க டீச்சர்.”

“அன்னைக்குத் தளத்தை மூடிடலாம்னு இருந்தேன்.”

மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன், கடைசி வரிசை வரைக்கும் கேட்கும்படி சொன்னேன், அங்கேதானே நின்றுகொண்டிருந்தேன். அவர் ஒரு காலி ட்ரேயை மேசை ஓரமாக நகர்த்தி, மேலே வந்து இதிலேயே பன்னிரண்டு குழியை மட்டும் எடுத்துக்கொண்டு அதைப் போட்டுக் காட்டுங்கள் என்றார். போட்டுக் காட்டினேன். நாற்காலியில் பூபதி உட்கார்ந்திருந்ததால் நின்றுகொண்டேதான் காட்டினேன்.

பேருந்து நிறுத்தத்தில் அவரிடம், அந்தக் கமெண்ட்டை இன்றே அழித்துவிடுகிறேன் என்றேன்.

“வேணாம் சார், இருக்கட்டும். அதை எடுத்தா அதுக்குக் கீழ நான் எழுதின பதிலும் போயிடும். அது நல்ல பதில்.”

பேருந்தில் சால்வையோடு பூபதி பக்கத்தில் தூங்கிக்கொண்டு வந்தான். நான் அந்தப் பதிலை இன்னொரு தடவை திறந்து படித்தேன். ஒரு கோபக்காரக் கோழியை அடிக்காமல், விரட்டாமல், கையில் என்ன இருக்கிறது என்று கேட்டு நிமிர்ந்து பார்க்க வைத்திருந்தார். உண்மையிலேயே நல்ல பதில்தான். எனக்கு அதுவும் பொறுக்கவில்லை.