இன்ஜினியர் மாப்பிள்ளையும் கழலாத பில்டரும்

என் அம்மா சண்முகத்தாய் மருமகன்களோடு பேச மாட்டாள். கோபமெல்லாம் இல்லை, மரியாதை. மாப்பிள்ளை முன்னால் மாமியார் வந்து நிற்கக்கூடாது, நேருக்கு நேர் பேசக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். தலை தீபாவளிக்கு நாங்கள் தூத்துக்குடியிலிருந்து கொற்கைக்கு வந்து இறங்கியதிலிருந்து அவள் அடுப்படிக் கதவுக்குப் பின்னால்தான் இருந்தாள். அவள் கேட்பதை நான் அவரிடம் சொல்ல வேண்டும். அவர் சொல்லும் பதிலை நான் அவளிடம் சொல்ல வேண்டும். இரண்டு பேருக்கும் காது நன்றாகவே கேட்கும். இந்தக் கூத்தில் தொண்டை வறண்டது எனக்குத்தான்.

அப்பா நயினார் நேர்மாறு. மாப்பிள்ளையைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடாத குறை. டீக்கடையில், வாய்க்கால் கரையில், கோயில் வாசலில் எங்கே யாரைப் பார்த்தாலும், "எம் மாப்பிள்ளை புது ஹார்பர்ல இன்ஜினியருல்லா!" என்று ஆரம்பித்துவிடுவார்.

அவர் இன்ஜினியர் இல்லை. என் வீட்டுக்காரர் சிவனணைந்தபெருமாள், துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்குகிற மூட்டைகளையும் பீப்பாய்களையும் எண்ணிக் கோடு போடுகிற டேலி கிளார்க். கல்யாணத் தரகர் அதை ஒரே தூக்காகத் தூக்கி இன்ஜினியர் ஆக்கிவிட்டார். கல்யாணப் பந்தலில் அப்பா நாலு பேரிடம் சொல்லும்போதுதான் மனுசனுக்கே விஷயம் தெரிந்ததாம். மறுக்க வாயைத் திறந்தாராம், அந்த நேரம் பார்த்துக் கெட்டிமேளம் கொட்டிவிட்டார்களாம். மூன்றாம் நாளே என்னிடம் சொல்லிவிட்டார். உடனே புறப்பட்டுப் போய் மாமாவிடமும் சொல்லிவிடுகிறேன் என்று நின்றவரை, கையைப் பிடித்து நிறுத்தியது நான்.

காரணம் என் அக்கா. அவளுக்குப் பார்த்த மாப்பிள்ளைக்குத் திருச்செந்தூர் பக்கம் சொந்தத் தோட்டம் என்றார்கள். அது குத்தகைத் தோட்டம் என்று தெரிந்த அன்று அப்பா நடுத்தெருவில் நின்று, "பொய் சொல்லிப் பொண்ணெடுத்தவனுக்கு எம் வாசல் கிடையாது" என்று கத்தினார். அத்தானோடு அக்காவும் போனவள்தான், மூன்று வருசமாக இந்தப் பக்கம் வரவில்லை. அப்பா தரகரை மாற்றினாரே தவிர, தரகர் சொல்வதை அப்படியே நம்புகிற புத்தியை மாற்றவில்லை. என் கதையும் அக்கா கதையாகிவிடும் என்கிற பயத்தை வயிற்றில் கட்டிக்கொண்டுதான் நான் தலை தீபாவளிக்கே வந்தேன்.

தீபாவளிக்கு மறுநாள் காலையில் அந்தப் பயத்துக்கு வேலை வந்தது. அடுத்த நாள் எங்கள் வயலுக்கு வாய்க்கால் தண்ணீர் முறை. தண்ணீரைப் பாய்ச்சி, டிராக்டரை இறக்கிச் சேறாக உழுது தொளி அடித்துவிட வேண்டும். விட்டால் முறை அடுத்தவனுக்குப் போய்விடும். டிராக்டர் அது வரைக்கும் உப்பளத்தில் வாடகைக்கு ஓடிவிட்டு வந்திருந்தது. டிரைவர் பேச்சிமுத்து தீபாவளிக்கு மாமியார் வீட்டுக்குப் போனவன் திரும்பவில்லை. அப்பாவே தொழுவத்துப் பக்கம் டிராக்டரை நிறுத்தி, பழைய ஆயிலை வடியவிட்டு, ஆயில் பில்டரைக் கழற்ற உட்கார்ந்தார்.

பில்டர் என்பது இன்ஜின் பக்கவாட்டில் தொங்குகிற ஒரு தகர டப்பா. போல்ட்டு, நட்டு ஒன்றும் கிடையாது. பாட்டில் மூடி மாதிரி அப்படியே திருகிக் கழற்ற வேண்டியது. அது கழலவில்லை. அப்பா கையால் திருகினார், சாக்கைச் சுற்றித் திருகினார், உளியை வைத்துச் சுத்தியலால் தட்டினார். டப்பா நசுங்கியதே தவிர அசையவில்லை. கடைசியில் நீளமான திருப்புளியை டப்பாவுக்குள் அடித்துச் சொருகி, அதைப் பிடித்து நெம்பினார். தகரம் வாழைமட்டை மாதிரி கிழிந்தது. கிழிந்த பில்டரோடு வண்டியை ஓட்டவும் முடியாது. இனி அதைக் கழற்றினால்தான் உழவு.

அப்பா நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "மாப்பிள்ளை, ஒரு சின்ன ஒத்தாசை. நீங்க கப்பல் இன்ஜினையே பாக்குறவுக. இந்த டப்பா கொஞ்சம் சண்டித்தனம் பண்ணுது. சும்மா வந்து ஒரு கை வையுங்க."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "ஏளா வடிவு, அவுக வெள்ளை வேட்டியோட போறாக. பழைய சாரத்தை எடுத்துக் குடு."

அந்தப் பழைய கைலியைக் கட்டிக்கொண்டு அவர் போனார். தூக்குமேடைக்குப் போகிறவர்கூட அத்தனை மெதுவாக நடக்க மாட்டார். நானும் பின்னாலேயே போனேன். டிராக்டர் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து டப்பாவைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஒன்றும் புரியவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. அவர் முதுகைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும். ஆனால் மனுசன் பதறவில்லை. கையை வைத்துத் திருகிப் பார்த்தார். எண்ணெயில் வழுக்கியது.

அம்மா அடுப்படியின் பின்கதவுக்கு இடம் மாறியிருந்தாள். "ஏளா, உங்க வீட்டுக்காரருட்ட சொல்லு. வெரால் மீனைச் சாம்பல் போட்டுல்லா பிடிக்கோம். அதே மாதிரி சாம்பலைத் தேச்சா வழுக்காதுன்னு." கதவிடுக்கு வழியாக ஒரு கொட்டாங்கச்சி நிறையச் சாம்பல் வந்தது.

சாம்பலைத் தேய்த்ததும் வழுக்கல் நின்றது. டப்பா மட்டும் அசையவில்லை. அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, "கெணத்துக் கயிறு இருக்குமா?" என்று கேட்டார். துறைமுகத்தில் பீப்பாய் உருட்டுகிறவர்கள் கயிற்றை நெருக்கமாகச் சுற்றி இழுப்பார்களாம். இழுக்க இழுக்கக் கயிறு இறுகிப் பிடித்துப் பீப்பாயைத் திருப்பிவிடுமாம். தினமும் அதைப் பார்த்துக்கொண்டுதானே கோடு போடுகிறார். எனக்கு மனசு நிறைந்துபோனது. ஒன்றும் தெரியாத இடத்தில், தெரிந்த ஒன்றைத் தேடி எடுத்து வந்து வைக்கிறாரே என்றிருந்தது.

நான் கிணற்றடியிலிருந்து தேங்காய்த் தும்புக் கயிற்றைக் கொண்டுவந்தேன். கிழியாத மேல்பக்கமாகப் பார்த்துச் சுற்றினார். கயிற்று நுனியைக் கட்ட ஒரு கழி வேண்டும் என்றதும், அம்மா நெல் குத்துகிற உலக்கையையே கொடுத்தனுப்பினாள். அந்த உலக்கையை நான் தாண்டினாலே திட்டுகிறவள் அவள்.

அவர் உலக்கையை நெம்பினார். கயிறு முறுகியது. டப்பா துளி அசைந்தது. எனக்குக் கைதட்டலாம்போல இருந்தது. அப்பாதான் குனிந்து பார்த்துவிட்டு, "என்ன மாப்பிள்ளை, இன்னும் இறுக்குதீக?" என்றார்.

டப்பா தலைகீழாகத் தொங்குகிறது, இவர் மேலே இருந்து பார்க்கிறார், வலம் இடமாகிவிட்டது. யாருக்கும் வரக்கூடிய குழப்பம்தான். ஆனால் இன்ஜினியருக்கு வரலாமா?

"கழட்டுத பக்கம் எதுன்னு சின்னப்புள்ளைக்கும் தெரியுமே," என்று அப்பா சிரித்தார். "நீங்க என்ன இன்ஜினியரு, போங்க!"

கேலிதான் அது. ஒரு சிரிப்பில் தாண்டிப் போயிருக்கலாம். சிரிங்க, சிரிச்சுருங்க என்று நான் மனசுக்குள் கும்பிட்டேன். அவர் உலக்கையைக் கீழே வைத்தார்.

"நான் இன்ஜினியர் இல்ல மாமா. டேலி கிளார்க். மூட்டை எண்ணுத வேலை. தரகர் உங்ககிட்ட மாத்திச் சொல்லிட்டாரு. எனக்கே பந்தல்லதான் தெரியும். அன்னைக்கே சொல்லியிருக்கணும்."

அப்பாவின் சிரிப்பு முகத்திலேயே காய்ந்துபோனது. நான் ஓடிப்போய் நடுவில் நின்றேன். "நான்தான் சொல்ல விடல" என்று தொடங்கினேன். அப்பா காதில் எதுவும் ஏறவில்லை.

"ஏலே," என்றார் அப்பா. மாப்பிள்ளையைப் பார்த்து. "எந்திரிலே. எந்திச்சு வெளியே போ."

அந்த ஒரு சொல்லுக்கே ரோசமுள்ள எந்த மாப்பிள்ளையும் அந்த நிமிசமே படியிறங்கியிருப்பான். மறுபடி ஏற மாட்டான். இவர் எழுந்திருக்கவில்லை. எண்ணெயும் சாம்பலுமாக இருந்த கையால் கயிற்றை நிதானமாக அவிழ்த்தார்.

"போறேன் மாமா. நாளைக்குத் தண்ணி முறை. இதைக் கழட்டி வச்சுட்டுப் போறேன்."

சொல்லிவிட்டுக் கயிற்றை மறுபக்கமாகச் சுற்ற ஆரம்பித்தார். இவரை நான் கட்டியிருக்கிறேன் என்று அந்த நேரத்தில் எனக்கு வந்த பெருமை, பயத்தையெல்லாம் மிதித்துத் தள்ளியது. இன்ஜினியர் என்ன பெரிய இன்ஜினியர்!

உலக்கையைப் பிடித்து நெம்பினார். வரவில்லை. மறுபடி நெம்பினார். கயிறு நழுவியது. கதவு திறந்த சத்தம் கேட்டுத் திரும்பினேன். அம்மா வெளியே வந்துகொண்டிருந்தாள். சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு, அப்பாவைத் தாண்டி, என்னைத் தாண்டி, நேராக மாப்பிள்ளை பக்கத்தில் போய் உலக்கையின் மறுமுனையைப் பிடித்தாள்.

"சண்முகத்தா!" என்றார் அப்பா.

"மூத்தவ மொகத்தைப் பாத்து மூணு தீபாவளி ஆச்சு," என்றாள் அம்மா, திரும்பாமலே. "இவளையும் அனுப்பினீகன்னா நானும் இவுக கூடப் போயிருவேன். இங்கன தனியா உக்காந்து நீங்களும் ஒங்க வாசலும் பேசிக்கிடுங்க." பிறகு மருமகன் முகத்தை நேராகப் பார்த்தாள். "இழுங்க மாப்பிள்ளை."

அவள் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அது. பிறகு இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தார்கள். அம்மாவின் கழுத்து நரம்பு புடைத்தது. 'டக்' என்று ஒரு சத்தம். டப்பா திரும்பியது. இன்னும் ஒரு நெம்பு நெம்பினார்கள். அப்புறம் அவர் கையாலேயே திருகிக் கழற்றிவிட்டார். கறுத்த எண்ணெய் அவர் முழங்கை வழியாக ஓடியது.

டப்பாவின் வாயில் ரப்பர் வளையத்தைச் சுற்றிச் செம்பழுப்பாக என்னவோ கெட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "இது என்ன மாமா, கோந்து மாதிரி இருக்கு? இதுதான் இவ்வளவு நேரம் பிடிச்சுக்கிட்டு இருந்திருக்கு."

இன்ஜின் மூட்டுகளில் வைக்கிற பாக்கிங் அட்டையை ஒட்டுகிற ஷெல்லாக் பசை அது. ஒழுகாமல் இருக்கட்டும் என்று யாரோ தாராளமாகத் தடவி இறுக்கியிருக்கிறார்கள். அப்பா எட்டிப் பார்த்தார். "பேச்சிமுத்துப் பய தடவியிருப்பான்."

"போன தடவை பில்டர் மாட்டுன அன்னைக்குப் பேச்சிமுத்து ஊர்லயே இல்ல," என்றாள் அம்மா.

அப்பா பார்வையைத் தொழுவத்துப் பக்கம் திருப்பிக்கொண்டார். என் வீட்டுக்காரர் இன்ஜின் பக்கம் ஒட்டியிருந்த பசையையும் சுரண்டி, துணியால் சுத்தமாகத் துடைத்தார். துணியை மடித்து வைத்தார். கயிற்றைச் சுருட்டி என்னிடம் கொடுத்தார். பிறகு எழுந்தார். போகப் போகிறார் என்று தெரிந்தது. நானும் செருப்பைத் தேடினேன்.

"மாப்பிள்ளை, கையைக் கழுவிட்டுச் சாப்பிட வாங்க," என்றாள் அம்மா. அவர் அவளையும் பார்த்தார், அப்பாவையும் பார்த்தார். நகரவில்லை.

அப்பா மூலையில் இருந்த புதுப் பில்டரை எடுத்துவந்து அட்டைப் பெட்டியைப் பிரித்தார். டப்பாவைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே நின்றார். சுத்தியல், திருப்புளியோடு ஷெல்லாக் பசை டப்பாவும் பக்கத்திலேயே இருந்தது. அவர் கை அந்தப் பக்கம் போய்விட்டுத் திரும்பியது.

"இதை எவ்வளவு இறுக்கணும்?" என்று டிராக்டரைப் பார்த்துக் கேட்டார்.

"எனக்குத் தெரியாது மாமா," என்றார் இவர். ஒளிவுமறைவில்லாமல், சாதாரணமாக.

அப்பா குனிந்தபடியே இருந்தார். அந்த வீட்டில் அதுவரை யாரும் அவர் வாயிலிருந்து கேட்டிராத ஒன்று மெதுவாக வெளியே வந்தது. "எனக்கும் தெரியாது."

அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். அழுதாளா, சிரித்தாளா என்று கேட்டால் இரண்டும்தான்.

அப்பா டப்பாவை வெளிச்சத்துக்குத் திருப்பினார். அதன் மேல் இங்கிலீஷில் பொடிப் பொடியாக அச்சடித்திருந்தது. அதை இவர் பக்கம் நீட்டினார்.

"இதுல என்ன போட்டிருக்குன்னு வாசிச்சுச் சொல்லுங்க, மாப்பிள்ளை."