கருகல் வாடை

விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டி நாலு நிமிடம்கூட ஆகியிருக்காது. டிக்கெட் கொடுத்துக்கொண்டே வந்த கண்டக்டர் சின்னதுரை பஸ்ஸின் நடுவில் அப்படியே நின்று மூக்கை உறிஞ்சினார். குனிந்து சீட்டுக்கு அடியில் பார்த்தார். பிறகு விசிலை வாயில் வைத்து ஒரே ஊது. "அண்ணே, ஓரங்கட்டு. ரப்பரு தீயுது" என்றார். அவ்வளவுதான், பஸ்ஸில் இருந்த அத்தனை பேருக்கும் அந்த வாடை வந்துவிட்டது. அதுவரை தூங்கிக்கொண்டிருந்தவர்கூட எழுந்து ஆமாம் ஆமாம் என்றார். டிரைவர் பாண்டுரங்கன் வண்டியை ஓரம் கட்டி எல்லோரையும் இறங்கச் சொன்னார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி, பூக்கூடையைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி என்று நாற்பது பேர் பைபாஸ் ஓரத்தில், சனிக்கிழமை காலை ஏழே முக்கால் வெயிலில் வந்து நின்றார்கள்.

கிருஷ்ணவேணியும் இறங்கினாள். இறங்கும்போதே அவளுக்குத் தெரியும், தீய்ந்துகொண்டிருந்தது பஸ் இல்லை.

கைப்பையைத் திறந்து பார்த்தாள். அவள் பயந்தபடியே ஆகியிருந்தது. விரல் நீளக் குப்பியின் மூடி கழன்று, கைக்குட்டை முழுக்க நனைந்து கிடந்தது. குளித்துவிட்டுக் கழுத்தில் இரண்டு தரம் அடித்துக்கொண்டு வந்தது வேறு. குப்பியின் மேல் ஒட்டியிருந்த சீட்டில் அந்த சென்டுக்கு என்னமோ பெரிய பெயர் போட்டிருந்தது. கீழே பொடி எழுத்தில் எரிந்த டயர், தார், சூடான இரும்பு என்று இங்கிலீஷில் இருந்தது. காசு கொடுத்து இதையும் ஒருத்தன் செய்கிறான், இதையும் ஒருத்தி அடித்துக்கொள்கிறாள். உலகம் அப்படி இருக்கிறது.

இந்தப் பைத்தியம் அவளுக்குச் சின்ன வயதிலேயே பிடித்தது. அப்பா பெட்ரோல் போட வண்டியை நிறுத்தினால் போதும், பின்னால் உட்கார்ந்து நெஞ்சு நிறைய மூச்சை இழுப்பாள். சைக்கிள் கடையில் தொங்கும் புது டயருக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்பாள். ரோடு போடுகிறார்கள் என்றால் பள்ளிக்கூடத்துக்குச் சுற்றுவழியில் போவாள். வயிற்றில் பூச்சி இருக்கிறது, அதுதான் இப்படி என்று அம்மா வேப்பங்கொழுந்தை அரைத்து ஊற்றினாள். மூன்று மாதம் கசப்பைக் குடித்த பிறகு கிருஷ்ணவேணிக்குப் புத்தி வந்தது. ஆசை போகவில்லை, சொல்லக்கூடாது என்று மட்டும் தெரிந்தது. கல்யாணத்தன்று தலை கொள்ளாமல் மல்லிகை வைத்தார்கள். தலைவலியில் கண்ணைத் திறக்க முடியவில்லை. வெட்கப்படுகிறாள் என்று பேசிக்கொண்டார்கள். அதற்கப்புறம் இருபத்துமூன்று வருஷமாகச் சந்தன பவுடர், சாம்பிராணி, விசேஷத்துக்கு முல்லை. நாற்பத்தாறு வயதில், பெங்களூரில் வேலை பார்க்கும் அண்ணன் மகள் புனிதா விளையாட்டுக்கு வாங்கி அனுப்பிய குப்பியைத் திறந்தவள் வெகுநேரம் அதை மூக்கிலிருந்து எடுக்கவில்லை. தன்னை மாதிரி இன்னும் நாலு பேர் எங்கோ இருக்கிறார்கள், இல்லாவிட்டால் இதை யார் செய்வார்கள்? வீட்டுக்காரர் சக்கரபாணி முதல் நாளே மோப்பம் பிடித்துவிட்டார். "இன்னாடி, இன்னிக்கு எந்தப் பஞ்சர் கடைக்கு டூட்டி?" என்று கேட்டுவிட்டு அவர் பாட்டுக்கு வயலுக்குப் போய்விட்டார். திண்டிவனத்தில் அவள் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையில் கண் டெஸ்ட் எடுப்பது அவள்தான். ஆட்கள் முகத்துக்குப் பக்கத்தில் போக வேண்டிய வேலை. அதனால் கடைக்குள் நுழையும் முன் பின்பக்கக் குழாயில் கழுத்தைக் கழுவிக்கொள்வாள். அந்த ஒருமணி நேரப் பஸ் பயணம்தான் அவளுக்கு அவளுடைய நேரம்.

பாண்டுரங்கன் எஞ்சின் மூடியைத் தூக்கினார். ஆறு டயரையும் தொட்டுப் பார்த்தார். ஒன்றும் இல்லை. ஐந்து நிமிடத்தில் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள், நாம் ஏன் வாயைத் திறக்க வேண்டும் என்று கிருஷ்ணவேணி தள்ளிப் போய், வாடை மற்றவர்கள் பக்கம் போகாதபடி காற்று பார்த்து நின்றாள். கைக்குட்டையைச் சுருட்டிப் பள்ளத்தில் எறிந்தாள். சின்னதுரை அந்தப் பக்கமாக வந்தவர், இங்கேயும் அடிக்குதே, எங்கியோ உள்ளுக்குள்ள புகைஞ்சிக்கினு கீது என்று பாண்டுரங்கனிடம் போய்ச் சொன்னார். பாண்டுரங்கன் நிதானமான மனுஷன். நாற்பது உயிர், மெக்கானிக் வந்து பார்க்காமல் சாவியைப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை.

பஸ்ஸில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்த பெண் அப்போதுதான் வந்து டைம் கேட்டது. முப்பது வயது இருக்கும். பிளாஸ்டிக் கவரில் ஹால் டிக்கெட், இரண்டு பேனா, மூக்கில் பெரிய கண்ணாடி. பெயர் சித்ரா. கண்டாச்சிபுரம் பக்கம், விடிகாலை முதல் பஸ் பிடித்து விழுப்புரம் வந்து இதில் ஏறியிருந்தாள். குரூப் ஃபோர் தேர்வு. சென்டர் திண்டிவனத்தில் போட்டிருந்தார்கள். ஒன்பது மணிக்குக் கேட்டை மூடிவிடுவார்கள். செல்போன், வாட்ச் எதுவும் கொண்டு வரக்கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னதால் அவளிடம் இரண்டுமே இல்லை. டைமுக்குப் பக்கத்தில் நிற்கிறவர்களைத்தான் கேட்க வேண்டும். கேட்டது கிருஷ்ணவேணியை.

ஏழு ஐம்பத்தைந்து என்று சொன்னாள். இன்னும் நேரம் இருக்கும்மா என்றும் சொன்னாள். சித்ரா பயத்தில் நிறையப் பேசினாள். இரண்டு வருஷமாக மாமியார் வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு உட்கார்ந்து படித்தாளாம். மாமனாருக்கு இஷ்டமே இல்லை. இந்த ஒரு தடவை எழுது, இல்லையென்றால் புத்தகத்தை எல்லாம் எடைக்குப் போட்டுவிட்டு இருக்கிற வேலையைப் பார் என்று பேச்சு. வீட்டுக்காரர் அப்பா பேச்சைத் தட்ட மாட்டார். மறுபடியும் டைம் கேட்டாள். எட்டு பத்து.

இப்போது சொல்லிவிடலாம் என்று கிருஷ்ணவேணி வாயைத் திறந்தாள். எப்படிச் சொல்வது? அண்ணே, அது வண்டி இல்லை, நான் போட்டுக்கினு வந்த சென்ட். நாற்பது பேர் திரும்பிப் பார்ப்பார்கள். சின்னதுரை வாய் எப்படிப்பட்டது என்று அந்த ரூட்டில் போகிற எல்லோருக்கும் தெரியும், மறுநாளே விழுப்புரம் பஸ் ஸ்டாண்டு முழுக்கத் தெரிந்துவிடும். டயர் சென்ட்டுக்காரி. அது கூடப் பரவாயில்லை. அரை மணி நேரமாக ஏன் சும்மா நின்றாய் என்று கேட்டால்? ஐந்து நிமிடத்தில் சொல்லியிருந்தால் சிரித்துவிட்டு ஏறியிருப்பார்கள். அரை மணி ஆன பிறகு சொன்னால் யார் சிரிப்பார்கள்? நேரம் போகப் போக அந்த ஒரு வார்த்தை பாறாங்கல்லாகக் கனத்துக்கொண்டே போனது. அவள் திறந்த வாயை மூடிக்கொண்டாள். சித்ரா மூன்றாவது தடவை டைம் கேட்டாள். எட்டு இருபத்தைந்து என்று கிருஷ்ணவேணி ரோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

பைபாஸில் கை காட்டினால் எந்த பஸ் நிற்கிறது? எட்டரைக்கு மேல் ஒரு பஸ் நின்றது, ஏற்கனவே படியில் ஆள் தொங்கியது. சித்ரா முட்டி மோதி ஏறும்போது யாருடைய முழங்கையோ பட்டுக் கண்ணாடியின் ஒரு கால் உடைந்தது. கிருஷ்ணவேணி பின்னாலேயே ஏறினாள். திண்டிவனத்தில் இறங்கி அவளே ஓடிப்போய் ஆட்டோ பிடித்தாள், ஜல்தியா போ ஜல்தியா போ என்று வழியெல்லாம் டிரைவரைப் பிடுங்கினாள். பள்ளிக்கூட வாசலுக்குப் போனபோது மணி ஒன்பது நாலு. கேட் மூடியிருந்தது. உள்ளே மரத்தடியில் தேர்வு எழுத வந்தவர்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருப்பது கம்பி வழியாகத் தெரிந்தது.

சித்ரா கெஞ்சினாள். பஸ்ஸு தீப்பிடிச்சிகிச்சி மேடம், நான் இன்னா பண்ணட்டும் என்று கவரைத் தூக்கிக் காட்டினாள். கேட்டுக்கு உள்ளே நின்ற பெண் போலீஸ் கல் மனசுக்காரி இல்லை. நான் திறந்தா என் வேலை போயிடும்மா என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். கொஞ்ச நேரத்தில் உள்ளே மணி அடித்தது. சித்ரா எதிர்ப்பக்க மைல் கல்லில் போய் உட்கார்ந்தாள். அழவில்லை. உடைந்த கண்ணாடியை மடியில் வைத்து, கழன்ற காலை மறுபடி மறுபடி பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிருஷ்ணவேணிதான் அழுதாள்.

"நீங்க ஏன்க்கா அழுவுறீங்க? யாரு பெத்த புள்ளைக்கோ இம்மாந்தூரம் கூட வந்தீங்களே, அதுவே போதும்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பையிலிருந்து கடை கார்டை எடுத்துக் கொடுத்து, வா, புது கண்ணாடி நான் போட்டுத் தரேன் என்று மட்டும் சொன்னாள். அந்தக் கார்டிலும் அந்த வாடை அடித்தது. சித்ரா கவனித்த மாதிரி தெரியவில்லை.

வீட்டுக்குப் போனதும் குப்பியை இரண்டு கவரில் சுற்றி, பரண் மேல் பித்தளைப் பாத்திரங்களுக்கு அடியில் போட்டாள். பழையபடி சந்தன பவுடருக்கு மாறினாள். கடையில் முதலாளி அரங்கநாதன், இப்பத்தாம்மா வாசனையா இருக்கீங்க என்று பாராட்டினார். பஸ்ஸில் சின்னதுரைதான் அந்தக் கதையை விடவில்லை. மெக்கானிக் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டானாம், ஓனர் பாண்டுரங்கனைக் கூப்பிட்டு வாய்க்கு வந்தபடி பேசினாராம். பாண்டுரங்கன் அதிலிருந்து பத்து கிலோமீட்டருக்கு ஒருதரம் மூக்கைத் தூக்கி மோந்து பார்ப்பார். பஸ்ஸில் இருக்கிறவர்கள் சிரிப்பார்கள். கிருஷ்ணவேணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். ஒருநாள் சின்னதுரை அவளிடமே வந்து, "நீங்க அன்னிக்கு இருந்தீங்களே, சொல்லுங்க, அடிச்சிச்சா இல்லியா?" என்று கேட்டார். அடித்தது என்றாள். அவள் சொன்ன பாதி உண்மை அது ஒன்றுதான்.

நாலு மாதம் கழித்துக் கடை நம்பருக்கு போன் வந்தது. சித்ரா. பழைய கண்ணாடியை நூல் கட்டி ஓட்டினாளாம், இப்போது அதுவும் முடியவில்லையாம், வியாழக்கிழமை வரட்டுமா என்றாள். வாம்மா என்று சொல்லிக் கிருஷ்ணவேணி போனை வைத்துவிட்டாள். புதன்கிழமை முழுக்க ஒரே வாக்கியத்தை மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். அடுப்படியில் சொன்னாள், குளிக்கும்போது சொன்னாள். ஒரு தடவைகூட முழுதாக வெளியே வரவில்லை. வியாழக்கிழமை காலை ஸ்டூல் போட்டு ஏறிப் பித்தளைப் பாத்திரத்தை நகர்த்தினாள். குப்பியின் அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. மணிக்கட்டில் ஒன்று, கழுத்தில் ஒன்று. சக்கரபாணி பார்த்தார். இந்தத் தரம் கேலி பண்ணவில்லை, அவள் முகம் அப்படி இருந்திருக்க வேண்டும். அன்று முதல் தடவையாகக் கழுத்தைக் கழுவாமல் கடைக்குள் நுழைந்தாள்.

சித்ரா பதினொரு மணிக்கு வந்தாள். இளைத்திருந்தாள். கண்டாச்சிபுரம் பக்கத்தில் மல்லாட்டை உடைக்கிற மில்லில் வேர்க்கடலைப் பருப்புப் பொறுக்கும் வேலைக்குப் போகிறாளாம், சொத்தைப் பருப்பு கண்ணுக்குத் தெரியாமல் விட்டுவிடுகிறாளாம், அதற்காகத்தான் கண்ணாடி. படிப்பு என்னாச்சு என்று கேட்கக் கிருஷ்ணவேணிக்குத் தைரியம் வரவில்லை. அவளாகவே சொன்னாள்.

"புக்கெல்லாம் எடைக்குப் போட்டுட்டாங்கக்கா. நானே தூக்கிக்கினு போய் வண்டில வச்சேன்."

டெஸ்ட் எடுக்கிற அறை சின்னது. கதவைச் சாத்தினால் ஒரு நாற்காலி, எதிரே விளக்குப் பலகையில் எழுத்துகள். மேலே ஒரே ஒரு பெரிய 'ப', கீழே போகப் போகச் சிறுத்துக்கொண்டே போகும். கிருஷ்ணவேணி இரும்புச் சட்டத்தைச் சித்ராவின் மூக்கில் மாட்டினாள், இடது கண்ணை அடைத்தாள், வலது பக்கம் ஒரு லென்ஸைச் செருகினாள். எப்போதும் லென்ஸைப் போட்டதும் இரண்டடி பின்னால் வந்துவிடுவாள். இன்று நகரவில்லை. மணிக்கட்டு சித்ராவின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் அப்படியே இருந்தது. மேலேருந்து படிம்மா என்றாள்.

சித்ரா படித்தாள். முதல் வரி, இரண்டாவது வரி. மூன்றாவது வரியின் நடுவில் நின்றுவிட்டாள். அந்த வரி யாருக்கும் தெரியும், நின்றது எழுத்துக்காக இல்லை. அவள் மூச்சை மெல்ல இழுப்பது கேட்டது. மறுபடி ஒருதரம் இழுத்தாள். அந்த ஒற்றைக் கண் பலகையை விட்டு, முகத்துக்கு நேரே இருந்த மணிக்கட்டுக்கு வந்து, அங்கிருந்து கிருஷ்ணவேணியின் முகத்துக்கு ஏறியது.

"அன்னிக்கு பஸ்ஸுல அடிச்சது இதான்மா" என்றாள் கிருஷ்ணவேணி. "எம்மேலதான். எனக்கு அப்பவே தெரியும்."

வெளியே அரங்கநாதன் யாரிடமோ ஃபிரேம் காட்டிக்கொண்டிருந்தார். ஃபேன் சுற்றியது. அக்கா, எத்தினி தடவ உங்ககிட்ட டைம் கேட்டேன் என்று சித்ரா சொல்வாள் என்றுதான் கிருஷ்ணவேணி எதிர்பார்த்தாள். சித்ரா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. முகத்தைத் திருப்பிப் பலகையைப் பார்த்தாள். முதல் வரியிலிருந்து திரும்பப் படிக்கப் போகிறவள் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். லென்ஸுக்குப் பின்னால் அந்தக் கண் நிறைந்து, கீழ் இமையில் நின்று, வழிந்தது.

"மொத எழுத்தே தெரியலக்கா" என்றாள்.

கிருஷ்ணவேணி பெட்டியிலிருந்து அடுத்த லென்ஸை எடுத்து விரலில் பிடித்துக்கொண்டு நின்றாள். பலகையில் அந்தப் பெரிய 'ப' வெளிச்சமாக எரிந்துகொண்டிருந்தது.