சன்னலுக்கு நடுவே ஒரு பலகைச் சுவர்

1.

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை பனிக்கடலில் பிறக்கவில்லை, பெர்கன் நகரத்தில் எங்கள் அடுக்ககத்தின் மூன்றாம் மாடியில் பிறந்தது. அங்கே அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள் இரண்டு பேர், பால்கனித் தடுப்பு எந்த இடத்தில் வர வேண்டும் என்று ஒரு வருடமாகச் சண்டை போடுகிறார்கள். போன மார்ச்சில் தச்சர் வந்தார். ஒருவர் இந்தப் பக்கம் தள்ளச் சொன்னார், இன்னொருவர் அந்தப் பக்கம். தச்சர் மடக்கு அளவுகோலை விரித்தார், மடக்கினார், மறுபடி விரித்தார், பிறகு மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார். குப்பை கொட்டப் போன நான் அவர் முகத்தைப் பார்த்துவிட்டேன். அதுதான் நான் செய்த தப்பு.

அந்த முகத்தை இருநூற்று முப்பது சொச்சம் வருடம் பின்னால் அனுப்பி ஒரு கப்பலில் ஏற்றினேன். ஏன் கப்பல் என்றால், கப்பலில் இருந்து யாரும் கோபித்துக்கொண்டு வெளியே போக முடியாது.

எழுத ஆரம்பித்து நான்கு மாதம் ஆகிறது. என்னாலும் வெளியே போக முடியவில்லை.

2.

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

“1786ஆம் வருடம் மே மாதம், அரசரின் ஆணையைத் தாங்கி, கிரீன்லாந்தின் கிழக்குக் கரையைக் கண்டறியும் பெருநோக்குடன், கேப்டன் ஹோல்ஸ்ட் கம்பீரமாக மேல்தளத்தில் —”

கம்பீரமாக என்ன செய்தார் என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு வாரம் அவரை அங்கேயே நிற்க வைத்தேன். நின்றார். கேப்டன்கள் நன்றாக நிற்பார்கள். அதற்கு மேல் அவரிடம் ஒன்றும் பெயரவில்லை.

இரண்டாவது தொடக்கம்:

கப்பலின் தச்சர் பெயர் யெர்முன். ஐம்பத்தொரு வயது, பக்கத்து ஹார்டாங்கர் மாவட்டத்துக்காரர். பெர்கன் துறைமுகத்தில் ஏறும்போது கையோடு எட்டு ஓக் பலகைகளை ஏற்றினார். படகு உடைந்தால் ஒட்டுப் போடுவதற்கென்று, முடிச்சு இல்லாமல், ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்து அவரே பொறுக்கிய பலகைகள். யாராவது அதன்மேல் உட்கார்ந்தால்கூட எழுப்பிவிடுவார்.

இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

(கப்பலின் பெயருக்கு ‘பொறுமை’ என்று அர்த்தம். நிஜமாகவே அப்படி ஒரு கப்பல் இருந்ததா என்று தேடாதீர்கள். எரிச்சலில் நான் வைத்த பெயர்.)

3.

கப்பலில் கோபன்ஹேகனில் படித்த பெரியவர்கள் இருவர். டாக்டர் விண்டிங் பறவைகளைச் சுட்டு, தோலுரித்து, பஞ்சு அடைப்பவர். மாகிஸ்டர் பட்டம் வாங்கிய கிராப்பெ நட்சத்திரத்தையும் சூரியனையும் அளப்பவர், இரண்டு கடிகாரங்களைக் கைக்குழந்தைபோல் துணி சுற்றி வைத்திருப்பவர். இருவருக்கும் ஒரே அறை, ஒரே சன்னல்.

பறவை நாறியது. கடிகாரம் டிக்டிக் என்றது. பதினோராவது நாள், கிராப்பெயின் சூப்பில் ஒரு சிறகு மிதந்தது. அவர் கிண்ணத்தை இரு கையாலும் ஏந்திக்கொண்டு போய்க் கேப்டனின் மேஜையில் வைத்தார்.

கேப்டன் யெர்முனைக் கூப்பிட்டார்.

“நடுவுல ஒரு தடுப்பு போட்டுரு.”

“பலகை ஏது ஐயா?”

“நீ ஏத்துனியே, எட்டு.”

“அது படகுக்கு.”

“படகு நல்லாத்தானே இருக்கு? ஒடைஞ்சா கழட்டிக்கலாம். எனக்கு இந்த ரெண்டு பேர் சத்தம் கேக்கக் கூடாது. அவ்வளவுதான்.”

யெர்முன் தடுப்பைப் போட்டார். சன்னலின் சரிபாதியில், நூல் பிடித்து. மறுநாள் கிராப்பெ வந்து, தன் பக்கம் வெளிச்சம் குறைகிறது, இரண்டு விரல் தள்ள வேண்டும் என்றார். யெர்முன் ஆணியைப் பிடுங்கித் தள்ளினார். ஒரு வாரம் கழித்து விண்டிங் வந்தார், அளவுகோலோடு. யெர்முன் மறுபடி பிடுங்கினார். இப்படி நான்கு தடவை.

போட்சன் மிக்கெல்* எதிரே வரும்போதெல்லாம் விடமாட்டான்.

“என்ன அண்ணே, செவுத்தக் கூட்டிக்கிட்டு இன்னைக்கி எந்தப் பக்கம் பொறப்பாடு?”

“வாய மூடு.”

“இல்ல, காத்தாட நடக்கட்டும்னு கேட்டேன். கப்பலு நகருதோ இல்லியோ, உங்க செவுரு நல்லா நகருது.”

யெர்முன் அவன்மேல் சுத்தியலை எறிவதுபோல் ஓங்குவார். பிறகு தன் பங்குப் புகையிலையில் பாதியைக் கிள்ளி அவன் பக்கம் நீட்டுவார். இருவரும் அடுத்தடுத்த தொங்குபடுக்கை. நான்கு பயணமாக ஒன்றாகப் போகிறவர்கள்.

* போட்சன் என்றால் மாலுமிகளை மேய்ப்பவன். மிக்கெலை இந்த ஒரு காட்சிக்காகத்தான் கொண்டுவந்தேன், ஒரு கிண்டலோடு போய்விடுவான் என்று நினைத்து. போகவில்லை. 1786இல் பெர்கன் மாலுமி இப்படியா பேசியிருப்பான் என்று கேட்பவர்களுக்கு: ஆமாம், மழையிலும் குளிரிலும் வளர்ந்த இந்த ஊர்க்காரர்கள் இன்றைக்கும் அப்படித்தான் வாயாடுகிறார்கள். இருபத்தாறு வருடமாகக் கேட்கிறேன்.

4.

ஜூலை. சூரியன் இறங்குவதுபோல் பாவனை செய்துவிட்டு மேலேயே நிற்கும் மாதம். கப்பல் பனியின் விளிம்புக்கு வந்தது. தூரத்தில் கரை தெரிந்தது, அல்லது கரைபோல ஒரு மேகம். ஒரு பனித்திட்டு வந்து உரசியதில் பெரிய படகின் விலாவில் ஓட்டை விழுந்தது, ஓர் ஆள் புகுந்து வரும் அகலத்துக்கு.

யெர்முன் அன்றைக்கே கேப்டனிடம் போனார்.

“தடுப்பக் கழட்டிக்கிறேன் ஐயா.”

“கிராப்பெ ஏதோ ஆறு நாள் தொடர்ந்து அளக்கணுமாம். கடிகாரம் ஆடக் கூடாதாம். அப்புறம் பாத்துக்கலாம்.”

“படகு ஒடைஞ்சா கழட்டலாம்னு நீங்கதானே…”

“சின்னப் படகு இருக்குல்ல?”

யெர்முன் என்ன செய்தார்?

இங்கே மூன்று வாரம் மாட்டிக்கொண்டேன். மேஜையைத் தட்டினார் என்று எழுதினேன். அடித்தேன். கேட்காமலேயே போய்ச் சுவரைப் பெயர்த்தார் என்று எழுதினேன். அதையும் அடித்தேன். அவர் என் நாயகன், அவரை நல்லவராக வைத்துக்கொள்ள எனக்கு ஆசை. ஆனால் அந்த அறையில் சுவர் வந்த பிறகு கப்பல் முழுக்க நிம்மதியாகச் சாப்பிட்டது, நிம்மதியாகத் தூங்கியது, யெர்முனும்தான். ஐந்தாவது தடவை ஆணி பிடுங்கவும், அந்த இரண்டு பேரின் கத்தலைக் கேட்கவும் அவருக்குத் தெம்பில்லை.

“சரி ஐயா” என்றார். போய்ப் படுத்துக்கொண்டார்.

5.

மூன்றாம் நாள் காலை, பனிக்கு நடுவே வழி இருக்கிறதா என்று பார்க்க மிக்கெலும் இன்னும் இருவரும் சின்னப் படகில் போனார்கள். மூடுபனி இறங்கியது. விலகியபோது படகைக் காணோம். இரண்டு திட்டுகள் ஒன்றோடு ஒன்று மூடிக்கொண்டு அதை நொறுக்கிவிட்டன. ஒரு திட்டின்மேல் மூன்று பேர் நின்று சட்டையைக் கழற்றி ஆட்டுவது தெரிந்தது. நீரோட்டம் அவர்களைத் தெற்கே இழுத்துக்கொண்டிருந்தது. கப்பலுக்கும் அவர்களுக்கும் நடுவில் உடைந்த பனி. கப்பல் நுழையாது, படகு மட்டும்தான் நுழையும். பெரிய படகிலோ ஓட்டை.

யெர்முன் கடப்பாரையோடு அறைக்குள் போனார். “கேப்டன் கைப்பட எழுதுன உத்தரவு இருக்கா?” என்று கிராப்பெ கேட்டார். யெர்முன் கடப்பாரையைப் பலகை இடுக்கில் விட்டு நெம்பினார். சுவர் விழுந்தது. ஆறு வாரத்துக்குப் பிறகு இருவரும் முதல்முறையாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

இங்கே ஒன்று எழுதியிருந்தேன்: “மன்னியுங்கள்” என்று டாக்டர் விண்டிங் தழுதழுத்த குரலில் —

சொல்ல மாட்டார். மூன்று நாள் காத்திருந்து பார்த்தேன். வாயே திறக்கவில்லை.

பலகைகளை மேல்தளத்தில் பரப்பினார்கள். வெளிச்சத்தில் பார்த்தபோதுதான் யெர்முன் அதைக் கவனித்தார். ஐந்து தடவை ஆணி அடித்து, ஐந்து தடவை பிடுங்கிய பலகை. எண்ணினார். எழுபத்தொரு ஓட்டைகள். ஒவ்வொன்றுக்கும் மரமுளை சீவி, தாரில் தோய்த்து, அடித்து இறுக்கினால்தான் தண்ணீரில் நிற்கும். திட்டு போய்க்கொண்டே இருந்தது.

“கத்தி பிடிக்கத் தெரிஞ்சவன் எல்லாம் உக்காருங்க” என்றார். “நீங்களுந்தான் ஐயா. ரெண்டு பேருமே.”

உட்கார்ந்தார்கள். விண்டிங்குக்குப் பறவை அறுத்த கை, வேகமாகச் சீவினார். கிராப்பெ முதல் முளையிலேயே கட்டைவிரலைக் கிழித்துக்கொண்டார், துணி சுற்றிக்கொண்டு சீவினார். அப்போது விண்டிங் ஒரு பலகையைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“இந்த ஓட்டையெல்லாம் அவர் தள்ளச் சொன்னப்ப விழுந்தது.”

“என்னோடது ரெண்டு தடவ. உங்களோடதும் ரெண்டு தடவ” என்றார் கிராப்பெ. “கணக்கு எனக்குத் தெரியும்.”

“முதல்ல ஆரம்பிச்சது யாரு?”

யெர்முன் சுத்தியலைக் கீழே வைத்தார்.

“ஐயா,” என்றார், “அங்க மூணு பேரு நிக்கிறாங்க. அதுல ஒருத்தன் நனைஞ்சிருக்கான், ஒக்காந்துட்டான் பாருங்க. அவன் பேரு மிக்கெல். அவனுக்கு மட்டும் இப்ப இங்க பேச வாய் இருந்துதுன்னா, உங்க ரெண்டு பேரையும் கிழிச்சித் தோரணம் கட்டியிருப்பான். எனக்கு அந்த அளவுக்கு வாய் இல்ல. சீவுங்க.”

சீவினார்கள். நான்கு மணி நேரம் ஆனது.

படகு இறங்கியது, ஒழுகியது, ஆனால் போனது. யெர்முன் உள்ளேயே உட்கார்ந்து முளைகளைக் கைகளால் அழுத்திக்கொண்டு போனார். திட்டை எட்டியபோது இருவர் எழுந்து வந்தார்கள். மிக்கெல் எழவில்லை.

“எப்போ?” என்று கேட்டார் யெர்முன்.

“ரெண்டு மணி நேரம் இருக்கும்,” என்றான் ஒருவன், பல் தந்தியடிக்க. “அது வரைக்கும் பேசிக்கிட்டேதான் இருந்தான். தச்சர் அண்ணன் செவுத்தத் தோள்ல தூக்கிக்கிட்டு வந்துக்கிட்டு இருக்காரு, அதான் லேட்டுன்னான். எங்களுக்குச் சிரிப்பு வந்துருச்சு.”

6.

இந்த இடத்தில் கதையை முடித்திருக்கலாம். எழுதுகிறவளுக்கு இது வசதியான இடம். யாரையும் முகம் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் கப்பல் ஊருக்குத் திரும்ப வேண்டும். அதுதான் எனக்கு எரிச்சல்.

மிக்கெலைப் பாய்த்துணியில் தைத்துக் கடலில் இறக்கினார்கள். கரையை எட்டாமலேயே கேப்டன் கப்பலைத் திருப்பினார். திரும்பிய மூன்றாம் நாள் விண்டிங் தச்சரிடம் வந்து, பலகை இல்லையென்றால் பரவாயில்லை, பாய்த்துணியிலாவது ஒரு தடுப்பு கட்ட முடியுமா என்று கேட்டார். அரைமணி கழித்து கிராப்பெ வந்து அதையே கேட்டார்.

(இதை நம்ப மாட்டீர்கள் என்று இரண்டு பேரில் ஒருவரை எடுத்துவிடப் பார்த்தேன். பிறகு மூன்றாம் மாடியை நினைத்துக்கொண்டேன்.)

பெர்கன் நெருங்கும்போது கேப்டன் ஒரு தாளை நீட்டினார். அரசருக்குப் போகும் அறிக்கை. படகுக்கென்று வைத்திருந்த பலகைகள் ஈரத்தில் கெட்டுப்போனதால் பழுதுபார்க்கத் தாமதமானது என்று அதில் இருந்தது. சுவர் என்ற சொல்லே இல்லை.

“இதுக்குக் கீழ ஒரு கையெழுத்து.”

“என் பலகை கெட்டுப்போகல ஐயா.”

கேப்டன் கத்தவில்லை. களைத்திருந்தார். “யெர்முன், பலகை நல்லா இருந்துச்சுன்னா, அப்புறம் ஏன் மூணு நாளா படகு ஓட்டையோட கெடந்துச்சுன்னு கேப்பாங்க. தச்சன் என்ன பண்ணிட்டிருந்தான்னு கேப்பாங்க. நீ என்ன பண்ணிட்டிருந்த?”

யெர்முன் கையெழுத்துப் போட்டார்.

வேறு மாதிரியும் எழுதிப் பார்த்தேன். தாளைக் கிழித்துப் போட்டார் என்று ஒரு முடிவு. அதில் அவருக்கு அப்புறம் எந்தக் கப்பலிலும் வேலை இல்லை, எனக்கு மட்டும் நல்ல பெயர். அந்தப் பக்கத்தை வாசித்துப் பார்த்துக் கூச்சப்பட்டு அழித்தேன். படுத்துக்கொண்ட மனிதர் கையெழுத்தும் போடுவார்.

7.

கரை இறங்கிய அடுத்த நாள், பெர்கனின் நோர்ட்னெஸ் சந்தில், மரவீடுகளுக்கு நடுவே ஏறி, மிக்கெலின் வீட்டுக் கதவைத் தட்டினார். தூறிக்கொண்டிருந்தது. மிக்கெலின் மனைவி வென்கெ கதவைத் திறந்தாள். கையில் மாவு. சேதி முன்னாலேயே வந்துவிட்டிருந்தது. கண்கள் வீங்கி வற்றியிருந்தன.

“உள்ள வாங்க அண்ணே” என்றாள். அவர் நகரவில்லை.

“அவரோட பெட்டி,” என்று கீழே வைத்தார். “புகையில கொஞ்சம் இருந்துச்சு. அதையும் போட்டிருக்கேன்.”

அவள் பெட்டியைப் பார்க்கவில்லை.

“கேப்டன் வீட்டுலேர்ந்து ஆள் வந்து சொல்லிட்டுப் போனாங்க. பலகை கெட்டுப்போச்சுன்னு.” மாவுக் கையைத் துடைத்தாள். “நீங்க வாங்குன பலகையா அண்ணே கெட்டுப்போச்சு? தட்டித் தட்டிப் பாத்து வாங்குவீங்கன்னு சொல்லிச் சிரிப்பாரே.”

யெர்முன் வாயைத் திறந்தார்.

இங்கேதான் நிற்கிறேன், ஐந்து வாரமாக. ‘ஆமாம்மா, கெட்டுப்போச்சு’ என்று சொல்ல வைத்தேன், அவள் தலையாட்டினாள். சுவரைப் பற்றி எல்லாவற்றையும் சொல்ல வைத்தேன். கேட்டுவிட்டு, இரண்டு விரலா, இரண்டு விரலா என்று மறுபடி மறுபடி கேட்டாள், என்னால் அதைத் தாங்க முடியவில்லை. ஒன்றும் சொல்லாமல் திரும்பி நடக்க வைத்தேன். பத்தடி போய்த் தானாகவே திரும்பி வந்துவிட்டார். மூன்றிலுமே அவள் கதவைச் சாத்தவில்லை.

எனக்கு இனித் தெரியாது. உங்களுக்குத் தெரிந்தால் அவருக்குச் சொல்லிக்கொடுங்கள். சீக்கிரம். அவர் தொப்பி இல்லாமல் நிற்கிறார், இந்த ஊர் மழை நிற்காது.