அடக்கத்துக்கு ஒரு படி இறக்கு

இரண்டாயிரத்து முந்நூற்று ஐம்பது டாலர்.

அப்பாவின் பாட்டு நோட்டைப் பின்பக்கமாகத் திறந்துவிட்டதால்தான் அது லவெட்டாவின் கண்ணில் பட்டது. பலகையில் குறி போடும் தட்டைப் பென்சிலால் அழுத்தி எழுதியிருந்தார். 'டுவேனுக்கு. கிட்டாருக்கும் பாட்டுப் பதிவுக்கும்.' பத்தொன்பது வருடத்துக்கு முந்தைய தேதி. திரும்ப வந்ததை எழுதப் பக்கத்திலேயே கொஞ்சம் இடம் விட்டு வைத்திருந்தார். அந்த இடம் அப்படியே வெள்ளையாகக் கிடந்தது.

சவ அடக்க நிலையத்தின் வாசலில் பிக்கப் வண்டியை நிறுத்தி, இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு நீல டப்பா. அதற்குள் அப்பாவின் பல்செட். 'அதைக் கொண்டாந்தா முகம் நல்லா அமையும்மா' என்று காலையில் நிலையத்துக்காரர் போன் பண்ணியிருந்தார். அதைத் தேடிய மேசை இழுப்பறையில்தான் நோட்டும் கிடைத்தது. கூடவே, அவர் சுருதி கொடுக்கும் வட்ட ஊதுகுழல், உள்ளங்கை அளவு. அதை மேல்சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

அந்தக் குளிர்காலம் அவளுக்கு நினைவிருந்தது. வண்டியின் எஞ்சின் போய்விட்டது. மாற்றுவதற்குக் காசு சேர்த்து வைத்திருந்தார் அப்பா. ஆனால் மாற்றவில்லை. நான்கு மாதம் குளோவிஸ் மாமாவின் லாரியில் தொற்றிக்கொண்டு கான்கிரீட் வேலைக்குப் போனார். காசு எங்கே என்று அம்மா கேட்டதற்கெல்லாம் மூக்கைச் சிந்திக்கொண்டு வெளியே போய்விடுவார். அவர்கள் சபையில் பியானோ கிடையாது, கிட்டார் கிடையாது. மனிதத் தொண்டை மட்டும்தான். அப்பா அங்கே முப்பத்தொரு வருடம் முன்னால் நின்று பாட்டு எடுத்துக் கொடுத்தவர். மகனுக்குக் கிட்டார் வாங்கிக் கொடுத்தது தெரிந்திருந்தால் மறு ஞாயிறே பாட்டு எடுக்கவிடாமல் அவரை உட்கார வைத்திருப்பார்கள்.

அந்த மகன் இப்போது டுவேன் இல்லை. ஜூட் ஹேல். பத்தாயிரம் பேர் உட்காரும் அரங்குகளில், புகை எந்திரமும் நீல விளக்குமாக நின்று, பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் கண்ணை மூடிக்கொண்டு சாட்சி சொல்வான். 'என் முதல் கிட்டாரை என் தகப்பனார் கான்கிரீட் தரையில் அடித்து உடைத்தார்.' கூட்டம் அழும்.

லவெட்டா நோட்டை மூடி, டப்பாவை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

உள்ளே டுவேன் முன்கூடத்தில் நின்று காபி குடித்துக்கொண்டிருந்தான். சேறே பார்த்திராத வெள்ளைச் செருப்பு. பக்கத்தில் கென்சி என்ற அவனுடைய உதவிப் பெண், கையில் இரண்டு போன்.

"அக்கா" என்று கட்டிக்கொள்ள வந்தான். அவள் டப்பாவைக் குறுக்கே பிடித்தாள்.

"என்ன அது?"

"அப்பாவோட பல்லு."

"பல்லா?"

"பல்செட்."

"அப்பாவுக்குப் பல்செட்டா? எப்பருந்து?"

லவெட்டா கத்தவேண்டும் என்று வந்தவள்தான். அவனுக்கு அது தெரியாது என்பதை அவள் எதிர்பார்த்திருக்கவில்லை. அப்பா பல் இல்லாமல் யார் முன்னாலும் வந்ததில்லை. போன் அடித்தால்கூட பல்லை மாட்டிக்கொண்டுதான் எடுப்பார். புதன்கிழமை இவள் கோழி ஆலையில் வேலையில் இருந்த நேரம், வீட்டுக்கு வரும் நர்ஸ் வாயைத் துடைக்கப் பல்லைக் கழற்றி வைத்திருக்கிறாள். அந்த நேரம் பார்த்துத்தான் இவன் கிட்டாரும் கேமராவுமாக வந்து இறங்கி, கட்டில் ஓரம் உட்கார்ந்து பாடிவிட்டுப் போயிருக்கிறான். அவன் இணையத்தில் போட்ட வீடியோவில், வாய் குழிந்து, நாக்கு தெரிய, பிராணவாயுக் குழாயோடு அப்பா. கீழே ஒரு வரி: 'என்னைத் துரத்திய தகப்பன், கடைசி நேரத்தில் என் பாட்டைக் கேட்டார்.' வியாழன் விடியற்காலையில் அவர் போய்விட்டார்.

"அதை எடுத்துடு" என்றாள்.

"எதை?"

"நீ போட்ட வீடியோவை."

கென்சி முந்திக்கொண்டாள். "மேடம், அதை நாற்பது லட்சம் பேர் பார்த்திருக்காங்க. ஜூட் போட்டதுலயே..."

"நான் மேடம் இல்லம்மா. கோழி எலும்பு எடுக்கறவ. வேலை நடுவுல பக்கத்துல நிக்கறவ போனை நீட்டி, இது உங்கப்பாதானேன்னு கேட்டா. கையில கத்தி. அப்படித்தான் நான் பார்த்தேன். நாற்பது லட்சத்துல நானும் ஒருத்தி, எண்ணிக்கோ."

டுவேன் குரலைத் தாழ்த்தினான். மேடையில் தாழ்த்துகிற அதே குரல். "அக்கா, ஜனங்க உடைஞ்சு போய் எழுதறாங்க. பன்னெண்டு வருஷமா தன் அப்பாகூட பேசாத ஒருத்தர் போன் பண்ணிப் பேசியிருக்கார். தேவன் இதைப் பயன்படுத்தறார்."

"தேவன் மேல பழியைப் போடாத. கேமராவைப் பிடிச்சது இந்தப் பொண்ணு."

நோட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திறந்து அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். அவன் படித்தான். ஒரு தடவை படித்தவன் மறுபடியும் படித்தான். சின்ன வயதில் பொய் மாட்டிக்கொண்டால் அவனுக்குக் காதுதான் முதலில் சிவக்கும். இப்போதும் அதேதான் சிவந்தது.

"இதை நான் குடுத்துட்டேன்னு நினைச்சேன்" என்றான். "கென்சி, அக்கா கணக்குல ஒரு பத்தாயிரம் போட்டுடு. வட்டியோட."

"உன் காசை யார்டா கேட்டா? வீடியோவை எடு. இந்தக் கணக்கை நான் அடிச்சிடறேன். அவ்வளவுதான் பேரம்."

"அது கம்பெனியோட சேர்ந்தது. நான் மட்டும் முடிவு பண்ண முடியாது."

"கிட்டாரை உடைச்சார்னு சொல்லணும்னு முடிவு பண்ணது யாரு? கம்பெனியா?"

"சாட்சி சொல்றப்ப, ஜனங்களுக்குப் புரியணும்னு கொஞ்சம்..."

"அதுக்கு நம்ம வீட்ல வேற பேரு இருந்துச்சு. அம்மா அதுக்கு சோப்பால வாயைக் கழுவுவா."

நிலையத்துக்காரர் உள்ளறைக் கதவைத் திறந்து, தொண்டையைச் செருமிவிட்டு நின்றார். லவெட்டா டப்பாவை அவரிடம் கொடுத்தாள். கொடுத்த பிறகும் அவள் விரல்கள் அது இருந்த வடிவிலேயே வளைந்திருந்தன. இருபத்தாறு வருட ஆலை வேலையில் விரல்கள் அப்படித்தான் ஆகிவிட்டிருந்தன.

மதியம் இரண்டு மணிக்குக் கல்லறைத் தோட்டம். மூன்று நாள் மழையில் செம்மண் குழைந்து கிடந்தது. சபை ஆட்கள் அறுபது பேர் இருப்பார்கள், ஞாயிறு உடுப்பும் வேலைச் செருப்புமாக. அவர்களைவிட வெளியாட்கள் அதிகம். நெஞ்சில் ஜூட் ஹேல் பெயர் போட்ட பனியனோடு ஒரு கூட்டமே வந்திருந்தது. ஒருத்தி லவெட்டாவிடமே வந்து, "கொஞ்சம் நகர்றீங்களா, அவர் தெரியல" என்றாள்.

"பெட்டி தெரியுதா?" என்றாள் லவெட்டா. அந்தப் பெண் முழித்துவிட்டுத் தள்ளிப் போனாள்.

பெட்டியில் அப்பா பல்லோடு, வாய் மூடி, முன்வரிசையில் யாரோ தூங்குவதைக் கண்டுகொண்டவர் மாதிரி இருந்தார். மூடியபின் கீழே இறக்கினார்கள். பிரசங்கியார் சுருக்கமாக ஜெபித்தார். அடுத்தது பாட்டு. அப்பா கேட்டுக்கொண்டது ஒரே ஒரு பாட்டுத்தான். அவர்கள் பாட்டைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, புத்தக எண்தான். முந்நூற்றுப் பதினாலு. 'ஒருத்தன் பாடி மத்தவன் கேக்கறது வேணாம். எல்லாரும் பாடுங்க, மைக் வேணாம்' என்று சொல்லியிருந்தார்.

எடுத்துக் கொடுக்கவேண்டியவர் குளோவிஸ் மாமா. எண்பத்தோரு வயது. தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு, "மகன் இருக்கான். அவன் எடுக்கறதுதான் மரியாதை" என்று ஒதுங்கினார்.

டுவேன் முன்னால் வந்தான். மைக் இல்லை. ஆனால் ஒரு கை தானாகவே வாய்க்கு அருகே போய், எதையோ பிடித்த மாதிரி நின்றது. கண்ணை மூடினான். சுருதி கேட்கவில்லை. தன் தொண்டைக்கு எது பழக்கமோ அந்த உயரத்திலேயே தொடங்கினான்.

முதல் வரியில் சபை சேர்ந்துகொண்டது. இரண்டாம் வரி மேலே ஏறியது. பாதிப் பேர் வாயைத் திறந்தபடி நின்றுவிட்டார்கள். கிழவர்கள் கீழ்ச் சுருதியில் ஒரு இடம் தேடிப் பார்த்தார்கள். அங்கேயும் இடம் இல்லை. மூன்றாம் வரியில் பெண்களும் விட்டுவிட்டார்கள். குளோவிஸ் மாமா இருமி, தொப்பியைப் பார்த்துக் குனிந்துகொண்டார். டுவேனுக்கு எதுவும் தெரியவில்லை. கூட்டம் மௌனமாகிவிட்டது என்றால் அவனுக்கு அது நல்ல அறிகுறி. இன்னும் உருகி, இன்னும் இழுத்து, இல்லாத இடத்தில் வளைவு போட்டான். பனியன்காரர்கள் போன்களைத் தூக்கினார்கள். கென்சி எதிர்ப்பக்கம் முட்டி போட்டு, அவன் முகத்தையும் குழியையும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அப்பாவைப் புதைக்க வந்தவர்கள் அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள்.

லவெட்டா நோட்டைப் பிரித்தாள். முந்நூற்றுப் பதினாலின் பக்கத்தில், எந்தச் சுருதியில் எடுப்பது என்று அப்பாவின் கோணல் எழுத்து. நாற்பது வயதில், சபையின் பாட்டுப் புத்தகத்தை வைத்தே எழுதப் படித்தவர். 'ஏ. அடக்கத்துக்கு ஒரு படி இறக்கு, ஜி. அழுத தொண்டை ஏறாது.'

அந்தச் சபையில் பெண்கள் பாட்டு எடுத்துக் கொடுப்பதில்லை. அவள் ஐம்பத்திரண்டு வருடமும் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து பாடியவள்.

ஊதுகுழலைப் பையிலிருந்து எடுத்தாள். 'ஜி' என்ற ஓட்டை எது என்று விரலால் தடவிப் பார்த்து, வாயில் வைத்து ஊதினாள்.

வாத்து கத்தின மாதிரி ஒரு சத்தம். டுவேனின் நீண்ட குரலை நடுவில் வெட்டியது. அவன் கண்ணைத் திறந்தான். பாட்டை விடவில்லை. அவள் மறுபடி ஊதினாள், மூச்சு முட்டும்வரை ஊதினாள்.

அவன் நிறுத்தினான்.

யாரோ ஒரு பனியன்காரர், "அசிங்கமா இருக்கு" என்றார். லவெட்டா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பிரசங்கியாரைப் பார்த்தாள். அவர் தன் செருப்பைப் பார்த்தார். குளோவிஸ் மாமாவைப் பார்த்தாள். அவர் மட்டும்தான் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு தடவை குடும்மா" என்றார். "காது மந்தம்."

மூன்றாவது முறை மெதுவாக ஊதினாள். குளோவிஸ் மாமா அடித்தொண்டையில் அதைப் பிடித்து முனகினார். கான்கிரீட் கலக்கும் எந்திரம் தூரத்தில் ஓடுகிற மாதிரி இருந்தது. அதன்மேல் இன்னும் இரண்டு பேர். லவெட்டா வலது கையைத் தூக்கி, அப்பா செய்வதுபோலக் கீழே ஒரு வெட்டு வெட்டினாள். மொத்தச் சபையும் முதல் வரியில் இறங்கியது.

இரண்டாம் வரி ஏறும் இடத்தில் யாருமே விடவில்லை. நான்கு குரலாகப் பிரிந்து, ஒன்றின்மேல் ஒன்று செங்கல் மாதிரி உட்கார்ந்தது. பனியன்காரர்களுக்குப் பாட்டுத் தெரியாது. கொஞ்ச நேரம் போனைப் பிடித்துப் பார்த்துவிட்டு ஒவ்வொருவராகக் கையை இறக்கினார்கள். டுவேன் குழியின் ஓரத்திலேயே நின்றான். அவன் சிறுவனாக இருந்தபோது இதில் பெண்களோடு சேர்ந்து இரண்டாம் குரல் பாடியவன். குரல் உடைந்த பிறகு வேறு குரலைக் கற்றுக்கொள்ளாமலே போய்விட்டான். இரண்டாம் சரணத்தில் அவன் வாய் அசைந்தது. என்ன பாடினான் என்று யாருக்கும் தனியாகக் கேட்கவில்லை.

"ஜூட், உங்க குரல் இதுல விழவே இல்ல" என்றாள் கென்சி, பாட்டு முடிந்ததும். அவன் அவளைத் தாண்டி நடந்தான்.

சபைக் கூடத்தில் சாப்பாடு. பொரித்த கோழியும் பீன்ஸும் காத்திருந்தன. கூட்டம் கலைந்தது. குளோவிஸ் மாமா லவெட்டாவைக் கடந்து போகும்போது, "ஞாயித்துக்கிழமை உன்னைப் பத்திப் பெரியவங்க கூடிப் பேசுவாங்க" என்றார்.

"பேசட்டும்."

"நானும் அதுல ஒருத்தன்தான்" என்று தொப்பியை மாட்டிக்கொண்டு போனார்.

குழி வெட்டுகிறவர்கள் மண்ணைத் தள்ளத் தொடங்கினார்கள். அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். பின்னால் சேற்றில் செருப்பு உறிஞ்சும் சத்தம் கேட்டது. திரும்பவில்லை.

"எப்பருந்து பல்செட்?" என்றான் டுவேன்.

"ஒம்பது வருஷம்."

"நான் வந்தப்பல்லாம்..."

"இந்தப் புதன்கிழமைக்கு முன்னாடி மூணு தடவை வந்த. மூணு தடவையும் நீ வரேன்னதும் கண்ணாடி முன்னாடி நின்னு மாட்டிக்கிட்டார்."

அவன் போனை எடுத்தான். ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். கட்டைவிரல் இரண்டு தடவை அழுந்தியது. பிறகு திரையை அவள் பக்கம் திருப்பினான். அந்த வீடியோ இருந்த இடத்தில் சாம்பல் கட்டம்.

"கம்பெனிகிட்ட நான் பேசிக்கறேன்" என்றான். பிறகு, "எத்தனையோ பேர் இறக்கி வச்சிருப்பாங்க. அதை ஒண்ணும் பண்ண முடியாது."

"தெரியும்."

"அக்கா..."

"கோழி ஆறிடும், போ."

அவன் போகவில்லை. எதற்கோ காத்து நின்றான். லவெட்டா பிக்கப் வண்டிக்குப் போய், முன் கண்ணாடிக்குக் கீழே எப்போதும் கிடக்கும் அப்பாவின் தட்டைப் பென்சிலை எடுத்தாள். முனை மழுங்கியிருந்தது. அவருடைய கத்தியால் நான்கு சீவு சீவினாள். வண்டியின் முகப்புத் தகட்டில் நோட்டை விரித்து, கடைசிப் பக்கத்தில், இரண்டாயிரத்து முந்நூற்று ஐம்பதின்மேல் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஒரே கோடாக இழுத்தாள்.

பென்சில் தாளைக் கிழித்துக்கொண்டு போனது. பின்னட்டையின் உட்பக்கத்திலும் அந்தக் கோடு விழுந்திருந்தது.