மூன்று பெடல், இரண்டு கால்

முன்னால் போக வேண்டிய ஜீப் பின்னால் பாய்ந்தது. வீட்டுச் சுவரில் சாய்த்து வைத்திருந்த மலர்வளையங்களில் ஒன்று டயருக்கடியில் நொறுங்கியது.

"நிறுத்துடா!" என்று கத்தினாள் லுஸ் தாரி.

அவள் தம்பி வில்மர் பிரேக்கை மட்டும் மிதித்தான். கிளட்சை மறந்துவிட்டான். வண்டி ஒரு துள்ளுத் துள்ளி அணைந்தது.

வராந்தாவில் காப்பிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்த தோன் ரூபியெல் எட்டிப் பார்த்தார். டவுனின் நடுச் சதுக்கமான ப்ளாசாவில் சவாரிக்கு நிற்கும் ஜீப் வரிசையில் அவர்தான் மூத்த டிரைவர்; பெரியவர் என்பதால் பெயருக்கு முன்னால் மரியாதைக்கு ஒரு 'தோன்'.

"எந்த வளையம் போச்சு?"

"மேயர் அனுப்பினது."

"அப்பப் பரவால்ல. இன்னொரு தடவ ஏத்து."

துக்கத்துக்கு வந்திருந்தவர்கள் சிரித்தார்கள். அவர்களுக்குப் பின்னால், முன்னறையில், நான்கு மெழுகுவர்த்திகளுக்கு நடுவே தோன் ஆர்செசியோ சவப்பெட்டிக்குள் படுத்திருந்தார். பதினொரு மணிக்கு டவுன் தேவாலயத்தில் பூசை. இப்போது மணி ஏழரை. அதற்குள் அவருடைய மகன் வில்மர் அவருடைய ஜீப்பை ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும்.

"மேலதான ஃபர்ஸ்ட்? வீடியோல அப்படித்தான் காட்டினான்," என்றான் வில்மர்.

"வீடியோக்காரன் இந்த வண்டிய ஓட்டினானா? இதுல மூணே கியர். இடது பக்கம் மேல ரிவர்ஸ். இடது கீழ ஃபர்ஸ்ட். வலது மேல செகண்ட், கீழ தேர்ட். நாலு தடவ சொல்லிட்டேன்," என்றாள் லுஸ் தாரி.

"ரெண்டு தடவ."

"கழுதைக்கு ரெண்டு தடவ போதும்."

வில்மர் பதினேழு வயதில் ஊரைவிட்டுப் போனவன். நியூவார்க்கில் பார்சல் வேன் ஓட்டுகிறான். அங்கே இரண்டே பெடல். ஒன்று போக, ஒன்று நிற்க. மற்றதையெல்லாம் வேனே பார்த்துக்கொள்ளும். நேற்று அவன் இதைச் சொன்னபோது, "அது வண்டியில்லப்பா, லிஃப்ட்டு," என்றார் ரூபியெல்.

போன வாரம், ஆக்ஸிஜன் குழாயோடு கிடந்த அப்பா அவனிடம் போனில் சொன்னார்: "நீதான் என்னை டவுனுக்குக் கொண்டு போகணும். என் வண்டில. நீயே ஓட்டி." போனை அவர் காதோரம் பிடித்துக்கொண்டிருந்தது லுஸ் தாரியின் கை. நான்கு வருடமாக அந்த ஜீப்பை ஓட்டுவதும் அதே கைதான். விடிகாலையில் பள்ளிப் பிள்ளைகள், அப்புறம் காப்பி மூட்டை, வாழைத்தார், சனிக்கிழமையானால் சந்தைக்குப் போகிறவர்கள். அப்பா சொன்னது அத்தை ஒஃபெலியாவின் காதிலும் விழுந்துவிட்டது. அத்தை காதில் விழுந்தால் மலை முழுக்க விழுந்த மாதிரி.

அதோடு முடிந்திருந்தால் லுஸ் தாரி பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருப்பாள். ஆனால் ஜீப் வரிசையில் ஒரு வழக்கம் இருந்தது. செத்துப்போன டிரைவரை அவருடைய வண்டியிலேயே ஏற்றி ப்ளாசாவுக்குள் யார் ஓட்டி வருகிறாரோ, வரிசையில் செத்தவருடைய இடம் ஓட்டி வந்தவருக்கு. எழுத்தில் எதுவும் கிடையாது. டிரைவர்கள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்று பார்ப்பார்கள், அவ்வளவுதான். வரிசையில் இடம் இல்லாத ஜீப்பில் ஒரு கோழியைக்கூட ஏற்ற முடியாது.

வில்மருக்கு அந்த இடம் எதற்கென்று கேட்கவே வேண்டியிருக்கவில்லை. பொகோட்டா வழியாக நேற்று மதியம் வந்து இறங்கியவன், பெட்டி முன்னால் ஒரு பாடு அழுது முடித்துவிட்டு, சமையலறையில் அவளிடம் சொன்னான்:

"டவுன்ல ஹோட்டல்காரன் ஒருத்தன் ஜீப்பக் கேக்கறான் லுஸ். டூரிஸ்ட்டுகள ஏத்த. வரிசை எடத்தோட சேத்துக் குடுத்தா நல்லாப் போகும்."

"நான் என்ன பண்றது?"

"ஹோட்டல்லயே ஒரு வேல போட்டுத் தரச் சொல்றேன்."

அவள் அடுப்பில் இருந்த பானையை இறக்கினாள்.

இப்போது அவன் பக்கத்தில் உட்கார்ந்து கிளட்சைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். எவ்வளவு எரிச்சல் இருந்தாலும், ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்ல ஆரம்பித்துவிட்டால் அவளால் அரைகுறையாகச் சொல்ல முடியாது.

"உள்ள ரெண்டு தட்டு இருக்கு. ஒண்ணு எஞ்சினோடது, சுத்திட்டே இருக்கும். இன்னொண்ணு சக்கரத்தோடது, சும்மா நிக்குது. கிளட்ச மிதிச்சா ரெண்டும் விலகும். விட்டா ஒட்டும். டக்குனு விட்டா என்னாகும்? சுத்தறது போய் நிக்கறதுல மோதும். நிக்கறதுக்குத்தான் கனம் ஜாஸ்தி, மொத்த வண்டியும் அதுல தொங்குது. எஞ்சின் தோத்துப் போய் அணைஞ்சிரும்."

"அப்ப மெதுவா விடணும்."

"பூரா மெதுவா இல்ல. பாதி வரைக்கும் வேகமாவே விடு, அங்க ஒண்ணும் நடக்காது. ஒரு எடத்துல உரச ஆரம்பிக்கும். உள்ளங்கால்ல தெரியும். எஞ்சின் சத்தம் கொஞ்சம் இறங்கும், வண்டி மூக்கத் தூக்கும். அங்க கால நிறுத்து. ஒரு மூச்சு விடற நேரம் அப்படியே இரு. அப்புறம் மிச்சத்த விடு."

காப்பிக்கொட்டை காயவைக்கும் சிமெண்ட் களத்தில் ஜீப் சுற்றி வந்தது. அணைந்தது. மறுபடி கிளம்பியது.

"நல்ல வேளை, கொட்டை காயப் போடல," என்றார் ரூபியெல். "கிரிங்கோ இன்னேரம் பொடியாக்கி டப்பால அடைச்சிருப்பான்." நியூவார்க்கிலிருந்து வந்த வில்மருக்கு அவர் வைத்த பெயர் அது, வெள்ளைக்காரன் என்று.

ஒன்பது மணிக்குள் வில்மர் ஒரு முறையும் அணைக்காமல் ஆறு சுற்று சுற்றினான். கியர் மாற்றும்போது பல் கடிக்கிற சத்தமும் குறைந்தது. அவனுக்குச் சிரிப்பு வந்தது. பின்னந்தலையை அப்பா மாதிரியே சொறிந்துகொண்டான். லுஸ் தாரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சமதரையில் மூன்று பெடலுக்கு இரண்டு கால் போதும். ஏற்றத்தில் நின்று கிளம்பும்போதுதான் போதாது. இடது கால் கிளட்சில் இருக்கும். வலது கால் பிரேக்கில் இருந்தாக வேண்டும். எடுத்தால் வண்டி பின்னால் உருளும். ஆக்ஸிலேட்டருக்குக் கால் இல்லை. மற்ற வண்டிகளில் ஹேண்ட் பிரேக் கைகொடுக்கும். இந்த ஜீப்பின் ஹேண்ட் பிரேக் கியர் பெட்டிக்குப் பின்னால் ஓர் இரும்பு உருளையைப் பிடிக்கிறது. கியர் பெட்டியிலிருந்து எண்ணெய் கசிந்து அந்த உருளை எப்போதும் வழவழப்பாகவே கிடக்கும், பிடி நிற்காது. அதனால் ஆர்செசியோ டாஷ்போர்டில் சோக்குக்குப் பக்கத்தில் இருக்கும் கறுப்புக் குமிழைத்தான் நம்பினார். அதை இழுத்தால் ஆக்ஸிலேட்டர் தானாக அமுங்கி அப்படியே நிற்கும். எஞ்சின் உறுமிக்கொண்டிருக்க, வலது கால் பிரேக்கிலேயே இருக்கலாம். கிளட்ச் உரசுகிற இடம் வந்ததும் பிரேக்கை விட்டால் வண்டி ஏறிவிடும். வரிசையில் இருந்த மற்ற ஜீப்புகளில் எஞ்சினை மாற்றியபோதே அந்தக் குமிழும் அதன் கம்பியும் போய்விட்டன. இதில் மட்டும் இருந்தது.

"இது ரெண்டும் என்ன?" என்று வில்மர் இரண்டு குமிழ்களையும் காட்டினான்.

"சோக். குளிர்ல ஸ்டார்ட் பண்றதுக்கு."

"ரெண்டுமேவா?"

"ரெண்டுமே. தொட்டுத் தொலைக்காத, பெட்ரோல் அடைச்சுக்கும்."

பாலத்தைத் தாண்டியதும் டவுன் வரை ஏற்றம். போன மாதம் மண் சரிந்ததிலிருந்து அங்கே ஒருவழிதான். நடு ஏற்றத்தில் ஒருவன் பலகையோடு நின்று வண்டிகளை நிறுத்தி நிறுத்தி விடுகிறான். லுஸ் தாரி தினமும் அந்த இடத்தில் நின்று கிளம்புகிறாள். இன்று வில்மர் அங்கே நிற்பான். கிளம்ப முடியாது. இரண்டு தடவை அணைப்பான், வியர்ப்பான், சாவியை அவளிடம் கொடுப்பான். ப்ளாசாவுக்கு அங்கிருந்து பத்து நிமிடம்.

பத்து மணிக்கு ஆறு பேர் பெட்டியைத் தூக்கி வந்தார்கள். தலைமாடு முன்னால், கால்மாடு பின்னால். ஜீப் சிறியது, பின்கதவைத் திறந்து போட்டும் பெட்டி ஒரு மீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கயிறு போட்டுக் கட்டினார்கள்.

"ஆர்செசியோ, பாத்தியா, உன் மகன் வந்து உக்காந்துட்டான்!" என்று அத்தை ஒஃபெலியா பெட்டியைத் தட்டிச் சொன்னாள். பிறகு லுஸ் தாரியைப் பார்த்து, "நீ பக்கத்துல உக்காரு. சும்மா வாயத் தொறந்து அவனக் கொழப்பாத," என்று சொல்லிவிட்டு ரூபியெலின் ஜீப்பில் ஏறினாள்.

இறக்கத்தில் வில்மர் நன்றாகவே ஓட்டினான். செகண்டில் போட்டு எஞ்சினாலேயே வண்டியைப் பிடித்துக்கொண்டு போனான். பின்னால் ரூபியெல், அவருக்குப் பின்னால் இன்னும் ஏழு ஜீப்புகள். பாலத்தைத் தாண்டினார்கள். ஏறினார்கள். வளைவில் பலகைக்காரன் சிவப்பைக் காட்டினான். பெட்டியைப் பார்த்ததும் ஹெல்மெட்டைக் கழற்றினான். ஆனால் பலகையைத் திருப்பவில்லை. மேலே இருந்து ஒரு லாரி ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருந்தது.

வில்மர் இரண்டு காலையும் அழுத்தி நின்றான். லாரி கடந்தது. பலகை திரும்பியது.

வலது காலை ஆக்ஸிலேட்டருக்குக் கொண்டுபோனான். வண்டி பின்னால் உருண்டது. பயந்து பிரேக்கை மிதித்தான். அணைந்தது.

"என்ன லுஸ் இது?"

"கிளட்ச் உரசற எடத்துல நிறுத்து."

மறுபடி முயன்றான். மறுபடி அணைந்தது. பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள். "லிஃப்ட்டு ரெண்டாவது மாடில சிக்கிக்கிச்சுடோய்!" என்று ஒரு குரல் வந்தது. சிரிப்பும் வந்தது. மூன்றாவது தடவை அவன் காலை எடுத்ததும் வண்டி விடுவிடுவென்று பின்னால் போனது. பிரேக்குக்குப் பதிலாகக் கிளட்சையே அழுத்திக்கொண்டிருந்தான்.

இரும்பு மோதும் சத்தம் கேட்கவில்லை. மரம் மோதும் சத்தம்தான் கேட்டது. ஜீப்புக்கு முன்பே, வெளியே நீட்டிக்கொண்டிருந்த பெட்டி ரூபியெல் வண்டியின் பானட்டில் போய் இடித்திருந்தது.

லுஸ் தாரி இதை யோசித்திருக்கவில்லை. அவன் அணைப்பதை யோசித்தாள், வியர்ப்பதை யோசித்தாள். அந்த ஒரு மீட்டரை யோசிக்கவில்லை.

அத்தை அலறினாள். ரூபியெல் குதித்து இறங்கினார். "கிரிங்கோ! உங்கப்பன எத்தன தடவடா சாகடிப்ப?"

பலகைக்காரன் ஓடி வந்து பின்சக்கரத்துக்கு ஒரு கல்லை வைத்தான். லுஸ் தாரி பின்பக்கம் போனாள். கால்மாட்டுப் பலகை ஒரு சாண் நீளத்துக்குப் பிளந்திருந்தது. உள்ளே வெள்ளைத் துணி தெரிந்தது. அவள் அந்தப் பிளவின் மேல் உள்ளங்கையை வைத்தாள். சிராய் குத்தியதும் எடுத்தாள்.

"எறங்குடா," என்று ரூபியெல் வில்மரிடம் சொன்னார். "அவ ஓட்டட்டும்."

வில்மர் இறங்கினான். சுற்றி வந்து அந்தப் பக்கம் ஏறினான்.

லுஸ் தாரி ஸ்டார்ட் செய்தாள். சக்கரத்துக்குக் கல் இருந்தது, வண்டி பின்னால் போக வழியில்லை, வேறெதுவும் தேவைப்படவில்லை. ஆனால் நான்கு வருடப் பழக்கம். அவள் கை தானாகப் போய்க் கறுப்புக் குமிழை இரண்டு விரல் அளவு இழுத்தது. எஞ்சின் உறுமியது. கிளட்ச் உரசியது. பிரேக்கை விட்டாள். ஜீப் ஒரு குலுக்கலும் இல்லாமல் ஏறியது.

வில்மர் குமிழைப் பார்த்தான். அவள் கையைப் பார்த்தான். ஏற்றம் முடிந்தது.

"அது சோக் இல்ல."

"இல்ல."

"ரெண்டுமே சோக்குன்னு சொன்ன."

"ஆமா."

"அது தெரிஞ்சிருந்தா நான் ஏத்திருப்பேன்."

அவள் தேர்டுக்கு மாற்றினாள். "ஏத்திருப்ப," என்றாள்.

டவுனின் முதல் வீடுகள் வந்தன. கடைக்காரர்கள் வெளியே வந்து சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

"ப்ளாசால எல்லார்கிட்டயும் சொல்லப் போறேன். நீ வேணும்னே பண்ணினன்னு. அப்பாவோட பெட்டிய ஒடச்சது நீதான்னு."

"சொல்லு."

"நாலு வருஷம் பாத்துக்கிட்டேன்னு பெரும பேசுவியே, இதான் நீ பாத்துக்கிட்ட லட்சணம்."

"இருவத்தி ரெண்டு வருஷம் போன்லயே பாத்துக்கிட்டவன் சொன்னா கேட்டுக்குவாங்க. போய்ச் சொல்லு."

ப்ளாசாவில் டிரைவர்கள் வரிசையாகத் தொப்பியைக் கையில் பிடித்து நின்றார்கள். ஜீப்புகளுக்கு நடுவில் ஒரு வண்டி நிற்கும் அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள். லுஸ் தாரி அதைத் தாண்டிப் போய், வண்டியைத் திருப்பி, பின்பக்கம் தேவாலயப் படிகளைப் பார்க்கும்படி ரிவர்ஸில் கொண்டுவந்து நிறுத்தினாள்.

ரூபியெல் நடந்து வந்து அவள் பக்கத்து ஜன்னலில் கையை ஊன்றினார். ஆனால் கேள்வி வில்மருக்குத்தான். "என்னப்பா ஆச்சு அங்க? களத்துல நல்லாத்தான ஓட்டின?"

டிரைவர்கள் பக்கத்தில் வந்தார்கள். லுஸ் தாரி ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வில்மர் கையை நீட்டி, இழுத்தபடியே நின்றிருந்த குமிழை உள்ளே தள்ளினான்.

"எனக்கு லிஃப்ட்டுதான் சரிப்படும் தோன் ரூபியெல்," என்றான்.

அவர்கள் சிரித்தார்கள். ஒருவன் அவன் தோளில் தட்டினான், கொஞ்சம் பலமாகவே. "பூசை முடிஞ்சதும் வண்டிய வரிசைல கொண்டாந்து போடும்மா," என்று ரூபியெல் லுஸ் தாரியிடம் சொல்லிவிட்டுப் பின்பக்கம் போனார்.

வில்மர் கதவைத் திறந்தான். அவள் பக்கம் திரும்பவில்லை.

"உனக்காகச் சொல்லல," என்றான். "பின்னால அப்பா கேட்டுட்டிருக்காருன்னு சொன்னேன்." கதவைச் சாத்திவிட்டுப் போனான்.

கயிற்றை அவிழ்க்கிற சத்தம் கேட்டது. பெட்டியை இழுக்கும்போது வண்டி நகரக் கூடாது. யாராவது பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்க வேண்டும். லுஸ் தாரி மிதித்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியில் சட்டைகளும் தோள்களும்தான் தெரிந்தன. வில்மர் கால்மாட்டுப் பக்கம் குனிந்ததைப் பார்த்தாள்.

"ஒண்ணா தூக்குங்க," என்றார் ரூபியெல்.

பின்சக்கரங்களுக்கு மேலே, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வளைந்த இரும்புப் பட்டைகள் இருக்கின்றன. கனம் ஏறினால் தாழ்ந்து கொடுக்கும். இறங்கினால் நிமிரும். மரம் தகரத்தில் உரசி முடிந்ததும், லுஸ் தாரி உட்கார்ந்திருந்த இருக்கை இரண்டு விரல் அளவு மேலே எழுந்து நின்றது.