சிறகு வைத்த சுவர்

வளைகுடாவில், சோனாப்பூர்ப் பக்கம் ஒரு கம்பெனியின் தொழிலாளர் கேம்ப்பையும் ஆபீஸ் குடும்பங்களின் குடியிருப்பையும் பிரித்து நின்ற எல்லைச் சுவரில் இப்போது காவல் கிடையாது. பாதியை இடித்துவிட்டு, மீதியில் படம் வரைந்து, திறந்தவெளிக் கலைக்கூடம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். முன்பு கேம்ப் ஆள் தாண்டினால் அபராதம். இப்போது யார் தாண்டினாலும் பண்பாடு.

கணக்காளர் தயாபரனுக்கு அங்கே போக மனமில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த மாமனார் கனகரத்தினம், பேப்பரில் படம் பார்த்துவிட்டு விடவில்லை. இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்தே மாப்பிள்ளைக்கு ஏசி ஆபீஸ் வேலை என்று சொல்லித்தான் தயாபரனுக்குப் பெண் கேட்டிருந்தார்கள். முதல் சில வருடம் இதே கேம்ப்பில் தங்கி, சைட்டில் கம்பி கட்டியது மனைவிக்குக்கூடத் தெரியாது.

இருந்தாலும் தமிழ் மன்றச் செயலாளர் அல்லவா, சுவரைக் கண்டதும் பேச்சு வந்துவிட்டது. கலை எல்லைகளைக் கரைக்கும் என்றார். எதிரே இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு தொழிலாளி. லீவு கிடைக்காதவனுக்கு ஓவியர் சிறகு கொடுத்திருந்தார்.

சுவரடியில் மணல் கூட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

“எலே தயா, நீதானாலே? நாந்தான் முனியசாமி. கேம்ப்புல உனக்கு மேல்கட்டில்ல படுத்தவன்.”

தயாபரன் வாயில் ஹிந்திதான் வந்தது. “கோன் ஹை பாய்? காம் கரோ.” யாரப்பா நீ, வேலையைப் பார்.

முனியசாமி அவரையும் பெரியவரையும் மாறி மாறிப் பார்த்தார். “மாஃப் கரோ சாப்” என்று மன்னிப்புக் கேட்டு ஒதுங்கினார்.

“தம்பி, அந்தாள் நல்ல தமிழெல்லோ கதைச்சவர். நீங்கள் ஏன் ஹிந்தியில கதைச்சனீங்கள்?” என்றார் கனகரத்தினம்.

இங்கே அப்படித்தான் பழக்கம் மாமா என்று தயாபரன் சொல்லி முடிப்பதற்குள் பெரியவர் முனியசாமியிடம் போய்விட்டார். என் மருமகனை உமக்குத் தெரியுமோ என்று கேட்டார்.

முனியசாமி துடைப்பத்தைக் கை மாற்றினார். “ஆள் மாறிப்போச்சுய்யா. எங்கூட இருந்தவன் நல்லா கம்பி கட்டுவான். எனக்குக் காய்ச்சல்னா கஞ்சி வச்சுத் தருவான். இவுக அவன் இல்ல.”

பெரியவர் போனை அவரிடமே கொடுத்து ஒரு படம் எடுக்கச் சொன்னார். மாமனாரும் மருமகனும் சிறகுக்குக் கீழே நின்றார்கள்.

“கொஞ்சம் சிரிங்க, சார்.”

தயாபரன் சிரித்தார். போனை வாங்கக் கையை நீட்டினார். முனியசாமி அதைப் பெரியவர் கையில் கொடுத்துவிட்டுத் துடைப்பத்தை எடுத்தார்.

நன்றி என்று தமிழில் சொன்னால் இனி என்ன ஆகிவிடப் போகிறது? “ஷுக்ரியா” என்றார் தயாபரன்.