சேலைத் தகரம்

1

திருச்சுழி பஸ்ஸுக்காகக் காத்திருந்தபோது கிடைத்த கதை இது. எதிரே ஒரு மெக்கானிக், ஆட்டம் கண்ட பைக்கின் பின்சக்கரத்துக்கு, சேலை சிக்காமல் தடுக்கும் புதுப் பேனல் மாட்டிக்கொண்டிருந்தார். சேலை கட்டிய ஒருத்தி இந்தப் பக்கத்தில் முதன்முதலாகப் பின்சீட்டில் உட்கார்ந்தபோது, அவள் முந்தானைக்கும் சக்கரத்துக்கும் நடுவே என்ன இருந்திருக்கும்? சொல்ல ஆளில்லை. அதனால் சௌடேஸ்வரியை நானே உண்டாக்கினேன்.

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: ‘கரிசல் மண்ணில் இளவெயில் மெல்லப் படர்ந்து—’

அடித்துவிட்டேன். வண்டியிலிருந்து விழப்போகிறவளுக்கு இளவெயில் எதற்கு?

2

1946, ஆடி மாதம். அவள் கணவன் திம்மையா அருப்புக்கோட்டையில் நெசவாளி. சண்டை முடிந்து பட்டாளம் கழித்துவிட்ட மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கியிருந்தான். பின்சக்கரத்து மட்கார்டு லொடலொடவென்று ஆடும். சேலை மூட்டையைக் கட்டிக்கொண்டு இருவரும் ஊர் ஊராகப் போவார்கள். ஆண்பிள்ளை விரித்துக் காட்டினால் பெண்கள் வாசற்படி தாண்ட மாட்டார்கள். சௌடேஸ்வரி விரித்தால் தெருவே கூடும்.

பரளச்சிப் பாதையில் ஆடிக் காற்று அவள் முந்தானையைச் சக்கரத்துக்குள் தள்ளியது. இழுத்த இழுப்பில் கீழே விழுந்தாள். சேலை கிழிந்ததால் கழுத்து பிழைத்தது.

(நெய்கிற வீட்டுப் பெண்ணின் உயிரைச் சேலை கிழிந்து காப்பாற்றியது. இதைத் தத்துவமாக்கக் கை துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன்.)

இனிப் பெண்பிள்ளை அந்த வண்டியில் ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டு, திம்மையா தனியாகப் போனான். கட்டிய மூட்டை கட்டியபடியே திரும்பியது. அடுத்த முறையும் அப்படித்தான்.

“விழுந்தவ நானு. பயப்பட வேண்டியவளும் நாந்தான்,” என்றாள் அவள். “வண்டியத் திருத்துங்க. என்னைய வீட்டுல உக்கார வைக்காதீக.”

(வீட்டில் அவர்கள் பேசியது கன்னடம். எனக்கு வாய்த்த தமிழில் எழுதுகிறேன்.)

3

கடைவீதியில் தகரப்பெட்டி செய்கிற ரத்தினத்திடம் போனாள். பட்டாளத்து வண்டியில் கைவைத்துப் பழக்கமில்லை என்று அவர் தட்டிக்கழித்தார். அவள் நகரவில்லை. சக்கரத்தை எதுவரை மறைக்க வேண்டும் என்று கையாலேயே அளந்து காட்டிக்கொண்டு நின்றாள். கடைசியில் அவர் எண்ணெய் டின்னை வெட்டி, மட்கார்டோடு சேர்த்து முடுக்கிக் கொடுத்தார்.

திம்மையா தனியாக ஓட்டிப் பார்த்தான்; ஊரைத் தாண்டுவதற்குள் தகரம் கழன்று விழுந்தது. சத்தத்தில் மாடுகள் மிரண்டு ஓடின. சகுனமே சரியில்லை என்று திரும்பி வந்தான். அவள் தகரத்தைத் தூக்கிக்கொண்டு ரத்தினத்திடமே திரும்பினாள். அவர் வேலை மோசம் என்றுதான் திம்மையா நினைத்தான். அவளோ மட்கார்டை அசைத்துக் காட்டினாள்.

“ஆடுற சொவத்துல ஆணி அடிச்சா, ஆணி மேல என்னண்ணே குத்தம்? மொதல்ல இத நிறுத்துங்க.”

(இதை ரத்தினமே கண்டுபிடிப்பதாக முதலில் எழுதினேன். சரிப்படவில்லை. விழுந்த உடம்புக்குத்தான் அந்தக் கவனம் வரும்.)

மட்கார்டைக் கழற்றிப் பார்த்தார்கள். போல்ட் ஓட்டைகள் தேய்ந்து அகன்றிருந்தன. ஓட்டைக்கு ஓட்டை இரும்புப் பட்டை வைத்து, பழைய டியூப் ரப்பரை வாஷராக வெட்டிப் போட்டு முடுக்கினார் ரத்தினம். பிடித்து உலுக்கினால் வண்டியே அசைந்தது, மட்கார்டு அசையவில்லை. அதன் பிறகுதான் இரண்டு பக்கமும் புதுத் தகரம் ஏறியது, காலைக் கிழிக்காதபடி ஓரம் மடித்து.

4

அப்போதும் திம்மையா ஒப்பவில்லை. கிழிந்த சேலையையே பின்சீட்டில் கட்டினாள். நான் உட்கார வேண்டாம், இது உட்காரட்டும் என்றாள். வறண்ட கண்மாய்க்குள் அவன் வட்டமடித்தான். காற்று சேலையைத் தகரத்தில் அறைந்தது, சுருட்டியது, மறுபடி அறைந்தது. உள்ளே ஒரு நூல்கூடப் போகவில்லை. அவன் இறங்கிச் சேலையை அவிழ்த்து மடித்து அவளிடம் கொடுத்தான்.

“நாளைக்குப் பரளச்சி போவமா?” என்று கேட்டான்.

5

இங்கேயே முடிக்கத் திட்டமிட்டிருந்தேன். ‘இருவரும் சிரித்தபடி அந்தி வெளிச்சத்தில்—’

முடியவில்லை. பரளச்சியில் மூட்டை அவிழ்த்ததுமே பொன்னுத்தாய் என்று ஒருத்தி வந்து நின்றாள். அவள் தாய் அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில் பேச்சு மூச்சில்லாமல் கிடப்பதாகத் தகவல் வந்திருக்கிறது. பஸ் போய்விட்டது. அவள் சேலை எதையும் பார்க்கவில்லை, பின்சீட்டையே பார்த்தாள்.

அவளைக் கதையை விட்டு வெளியே அனுப்பிவிட்டு வேறொரு முடிவு எழுதினேன். அதிலும் வந்து நின்றாள்.

சௌடேஸ்வரி போராடி வாங்கிய இடம் அது. அதில் இன்னொருத்தி, அதுவும் தன் புருஷனுக்குப் பின்னால். தெரு பார்த்துக்கொண்டிருந்தது. திம்மையா தயங்கி, ஊர் என்ன பேசும் என்று முணுமுணுத்தான்.

“பேசுறவுகளுக்கு நாலு சேலைய நான் விரிச்சுக் காட்டுறேன். நீங்க கெளம்புங்க,” என்றவள், பொன்னுத்தாயின் முந்தானையை இழுத்து இடுப்பில் அவளே சொருகினாள். “இறுக்கிப் பிடிச்சுக்க, தாயி.”

வண்டி போய்விட்டது.

தாயின் முகத்தைப் பொன்னுத்தாய் உயிரோடு பார்த்தாளா? இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தேன். இரண்டையும் கிழித்தேன். அதைச் சொல்லும் உரிமை எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை. உங்களுக்குத் தோன்றினால் எழுதிக்கொள்ளுங்கள்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: சௌடேஸ்வரி சம்மணமிட்டு உட்கார்ந்து, மூட்டையிலிருந்து அரக்குச் சேலையை எடுத்து உதறி விரித்தாள்.

“வாங்க, கிட்ட வந்து பாருங்க.”